கம்பளி காய்ந்த அறை

எண்பதுகளின் கடைசியில், இலங்கை மலைநாட்டில் வட்டகொடைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீசில் கூட்டித் துடைத்துத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கும் வேலையில் இருந்தேன். அப்போதுதான் அங்கே ஒரு கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. அதற்குத் தனி அறை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். கோயிலுக்கு அடுத்தபடி நான் அவ்வளவு பயபக்தியோடு நுழைந்த இடம் அதுதான்.

அதில் அன்றாடம் கொழுந்து எடையைப் பதிகிற வேலை ஒரு பெண்ணுக்குக் கிடைத்தது. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் எங்கள் லயத்திலிருந்து ஆபீஸ் நாற்காலியில் போய் உட்கார்ந்த முதல் பிள்ளை. பெரிய கிளாக்கருக்கு அது பிடிக்கவில்லை. அந்த நாற்காலிக்கு அவர் தன் மச்சானை நினைத்து வைத்திருந்தார்.

கம்ப்யூட்டரோ திடீர் திடீரென்று நின்றுவிடும். திரையில் எழுத்து அப்படியே உறைந்து போகும். எந்தப் பொத்தானைத் தட்டினாலும் அசையாது. அணைத்துவிட்டுப் போட்டால், அதுவரை பதிந்தது காணாமல் போயிருக்கும்.

"கொழுந்து கிள்ளுற கையால தட்டுனா மெஷின் வேற என்னா செய்யும்?" என்பார் பெரிய கிளாக்கர்.

கொழும்பிலிருந்து ஓர் இன்ஜினியர் இரண்டு தடவை வந்தார். டிஸ்க்குகளை மாற்றி மாற்றிச் சொருகி, கம்ப்யூட்டரை நடத்துகிற அடிப்படைப் புரோகிராமைத் திருத்திவிட்டுப் போனார். அவர் திரும்பும் வழியில் ஹட்டன் டவுனைத் தாண்டுவதற்குள் அது மறுபடி நின்றது. மூன்றாம் தடவை அவர் வந்தபோது பெரிய கிளாக்கர் முடிவாகச் சொன்னார்: "இன்னைக்கும் கோளாறு தெரியலன்னா நாளையிலருந்து இவ மலைக்குப் போகட்டும். கூடை சும்மாதான் கெடக்கு."

கம்ப்யூட்டருக்குப் பின்னால் சூடான காற்று வரும். மழைக்காலத்தில் தலையில் போட்டு வருகிற ஈரக் கம்பளியை நாலு மாதமாக அங்கேதான் நான் காயப்போட்டு வந்தேன். மேசை மறைத்துக்கொள்ளும், யாருக்கும் தெரியாது.

இன்ஜினியரிடம் போய், "ஐயா, தப்பு என்னுதுங்க. என் கம்பளிதான் அதுக்கு மூச்சு முட்ட வைக்குது. அந்தப் புள்ளைய விட்டுருங்க" என்றேன்.

அவர் ஏசவில்லை. "கொண்டு வாங்க அக்கா, போட்டுப் பாப்போம்" என்றார்.

போட்டோம். கம்பளி காய்ந்ததே தவிர, கம்ப்யூட்டர் நிற்கவில்லை. கம்பளியை எடுத்து அரை மணி நேரம் கழித்துத்தான் நின்றது. எனக்கே கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது.

"பல்ப் மங்குச்சுல்லங்க, அதான் நின்னுருச்சு" என்றேன்.

"என்ன சொல்றீங்க?"

"ஃபேக்டரியில கொழுந்து அரைக்கிற ரோலரப் போட்டா இங்க பல்ப் மங்கும். அப்பதாங்க இதுவும் நிக்கும். கம்பளியால நோஞ்சானாப் போயி, அதத் தாங்க முடியாம மயங்குதுன்னு நெனச்சேன்."

அந்தப் பெண்ணுக்குப் பல்ப் முதுகுப் பக்கம். கண் முழுக்கத் திரையில். தரை துடைக்கிற எனக்குத்தான் இரண்டும் தெரியும்.

"இத ஏன் முன்னாடியே சொல்லல அக்கா?"

"சொன்னா, அந்த ரூம்ல அவ்வளவு நேரம் ஒனக்கு என்னா வேலன்னு கேப்பீங்களே."

இன்ஜினியர் விளக்கினார்: ரோலர் ஓடிக் கரண்ட் குறையும்போது உள்ளே இருக்கிற டிஸ்க் பெட்டி உடனே பதில் சொல்லாதாம். புரோகிராம் அந்தப் பதிலுக்காகக் காத்தே கிடக்குமாம். பதில் வராவிட்டால் கொஞ்சம் பொறுத்து மறுபடி கேள் என்று அவர் இரண்டு நாள் உட்கார்ந்து எழுதிச் சேர்த்தார். பிறகு ரோலர் ஓடியது, பல்ப் மங்கியது, எழுத்து ஒரு நொடி தயங்கிவிட்டு நகர்ந்தது. பெரிய கிளாக்கர் தேத்தண்ணியில் சீனி கூடிவிட்டது என்று மட்டும் சொன்னார்.

சாயங்காலம் அந்தப் பெண்ணிடம், கம்பளி விஷயத்தை மறைத்ததற்கு வருத்தம் சொன்னேன். அவள் சிரித்தாள்.

"எனக்கு மொத நாளே தெரியும் அத்த. ஈரக் கம்பளி நாத்தம் தெரியாமலா நான் லயத்துல பொறந்தேன்?"

"பின்ன ஏன் புள்ள சொல்லல? கம்பளி மேல பழியப் போட்டுட்டுத் தப்பிச்சிருக்கலாமே?"

"ஒங்க வேலை போயிருமே."

அந்த நாலு மாதமும் நாங்கள் இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தோம். அவள் மூடியது எனக்காக, நான் மூடியதும் எனக்காகத்தான் என்பது இன்றைக்கு நினைத்தாலும் சுருக்கென்று இருக்கிறது.