அணியத்து வாங்கில் ஒருத்தி

தலைமன்னாரில் எங்கள் கோயிலில் மணி அடிப்பதும், பூசைக்கு முன்னால் கருத்துகளை மைக்கில் வாசிப்பதும் என் வேலை. இன்னாருடைய ஆத்தும இளைப்பாற்றிக்காக, இன்னாருடைய மகளின் பள்ளிச் சோதனைக்காக, இன்னாருடைய முழங்கால் நோ மாறுவதற்காக என்று ஒவ்வொன்றாக வாசிப்பேன். ஊரில் யாருக்கு என்ன குறை என்பது ஆண்டவருக்கு அடுத்தபடியாக எனக்குத்தான் தெரியும் என்று பெருமையடித்துக்கொண்டும் திரிந்தேன். பைலற் அமிர்தநாயகத்தின் முப்பத்தோராம் நாள் நினைவுப் பூசையோடு அந்தப் பெருமை போய்விட்டது.

அமிர்தம் அண்ணை விமானம் ஓட்டியவர் அல்லர். பிரான்ஸில் இருக்கும் மகள் சொல்லிச் செய்வித்த நினைவுப் பனரில் அச்சகக்காரன் முகில் கூட்டமும், அதற்குள் ஒரு விமானமும் போட்டுவிட்டான். பெயருக்கு முன்னால் பைலற் என்று இருந்தால் அவன்தான் என்ன செய்வான்? அவருடைய மனைவி செலீனா அக்கா அதை நெடுநேரம் பார்த்துவிட்டு, "இருக்கட்டும். மனுசன் ஒருநாளும் பிளேனிலை ஏறினதில்லை" என்றா. அப்படியே கோயில் வாசலில் கட்டினோம்.

எங்களுக்கும் இராமேஸ்வரத்துக்கும் நடுவில் கடலுக்குள் மணல்மேடுகள் வரிசையாகக் கிடக்கின்றன. தீடை என்போம். சில தீடைகள் எப்போதும் தலை காட்டும், சில காற்றெழும்பினால் அமிழ்ந்துவிடும். நேற்றுப் படகு போன வழி இன்று மணலாக இருக்கும். அந்த வழிகளைக் கண்டுபிடித்துச் சொல்வதுதான் அமிர்தம் அண்ணையின் தொழில். எஞ்சினைப் பிடிக்க வேறொருவன் இருப்பான். இவர் அணியத்தில், அதாவது படகின் முன்தலையில், கம்போடு நின்று இடம் வலம் சொல்லுவார். அதனால்தான் பைலற் என்ற பெயர். மற்றப்படி அவர் நாய்க்குப் பயந்த, பூசையில் பாட்டை அரைவரி பிந்திப் பாடுகிற, சாதாரண மனுசன்.

தொண்ணூறாம் ஆண்டு சண்டை மூண்டபோது பெருநிலத்துச் சனம் உடுத்த உடுப்போடு எங்கள் கரைக்கு வந்தது. எத்தனையோ குடும்பங்களை அவர் அக்கரையில் கொண்டுபோய் இறக்கினார். ஒரு பயணத்தில் பாரம் கூடி வள்ளம் சின்னத் தீடை ஒன்றில் தட்டிவிட்டது. எல்லோரையும் இறக்கி, வள்ளத்தைத் தள்ளி மிதக்கவிட்டு, திரும்ப ஏற்றிக்கொண்டிருக்கையில் ரோந்துப் படகின் சத்தம் கேட்டது. சனம் இருட்டுக்குள் விழுந்தடித்து ஏறியது. எஞ்சின் பிடித்தவன் காத்து நிற்கவில்லை. வள்ளம் திரும்பியபோதுதான் அமிர்தம் அண்ணை கண்டார். தீடையின் மறுகரையில் போர்வை போர்த்திய ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். அவள் கத்தவில்லை, கை காட்டவுமில்லை. சும்மா நின்றாள்.

சனத்தை இறக்கிவிட்டு, விடிந்த பிறகு அந்த இடத்துக்கு வந்தார். தீடை இல்லை. தண்ணீர்தான் இருந்தது. கம்பைக் குத்திக் குத்தி மத்தியானம்வரை தேடினாராம். அதற்குப் பிறகு அவர் நண்டு தின்றதில்லை. ஏன் என்று யாரும் கேட்டதுமில்லை.

அவருடைய வள்ளத்தின் அணியத்தில் முன்பக்கம் பலகை அடித்த சின்ன வாங்கு ஒன்று, ஓர் ஆள் உட்காரும் அளவில், இருந்தது. அதில் பிறகு ஒருவரையும் இருக்கவிடமாட்டார். "அவ இருக்கிறா" என்பார். தெரியாமல் இருந்த மீன்வியாபாரி ஒருவனுக்குக் கன்னத்தில் அறைந்தும் இருக்கிறார். மரவள்ளம் உளுத்துப்போய் பைபர் போட் வாங்கியபோது, அந்த வாங்கை மட்டும் கழற்றிக் கொண்டுவந்து புதுப் போட்டில் பூட்டினார். என்னண்ணை இது என்று கேட்டேன். "அவ எங்கையாவது இருக்கத்தானே வேணும்" என்றார். ஒவ்வொரு நாளும் கரை தட்டியதும் அந்த வாங்கைப் பார்த்து, "இறங்கு தங்கச்சி, கரை வந்திட்டுது" என்பார். பிறகு கொஞ்சம் நின்று பார்ப்பார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்குப் போவார்.

நான் பேய் பிசாசை நம்புகிறவன் இல்லை. சேமக்காலையில் கல்லறைகளுக்கு நடுவே தனியே நின்று புல் வெட்டுகிறவனுக்கு அதெல்லாம் கட்டாது. ஆனாலும் அவருடைய போட்டில் போகும்போது ஒரு சத்தத்தைக் கேட்டிருக்கிறேன். வாங்கின் முன்பலகையில் டொக், டொக் என்று, இரண்டு குதிக்கால்கள் மாறி மாறிப் படுகிற மாதிரி. "தண்ணி அடிக்குது அண்ணை" என்பேன்.

"தண்ணிக்குத் தாளம் தெரியுமோடா?" என்பார் அவர்.

பேர் தெரியாத அவளுக்காக அவர் வருடந்தோறும் பூசை ஒப்புக்கொடுத்தார். 'தீடையில் விடப்பட்ட ஆத்துமாவின் இளைப்பாற்றிக்காக' என்று வாசிப்பவன் நான்தான். படுக்கையில் விழுந்த பிறகும் அவருக்கு அந்த நினைவுதான். "அவ இறங்காமல் நான் என்னண்டு செலீனா இறங்கிறது?" என்று கேட்டுக் கேட்டே கண்ணை மூடினார்.

செலீனா அக்கா அதைப் பிடித்துக்கொண்டா. அந்தப் பெண்ணின் ஆத்துமா அமைதியடைந்தால்தான் தன் மனுசனுக்கும் அமைதி என்று அவ நம்பினா. முப்பத்தோராம் நாள் பூசையில் இரண்டு பேருக்கும் சேர்த்து மன்றாடும்வரை போட் கடலில் இறங்கக்கூடாது என்றும் சொல்லிவிட்டா. மகன் ரொபின்சன் எஞ்சின் துருப்பிடிக்கிறது என்று புறுபுறுத்துக்கொண்டு திரிந்தான். போட் கரையில் மணலில் கிடந்தது.

பூசைக்குக் கோயில் நிறைந்துவிட்டது. பிரான்ஸ் மகளுக்காக ஒருவன் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பீடத்தை மறைத்தான். அவனை முறைத்துவிட்டுக் கருத்தை வாசித்தேன். அமிர்தநாயகத்தின் ஆத்தும இளைப்பாற்றிக்காக. தீடையில் விடப்பட்ட ஆத்துமாவின் இளைப்பாற்றிக்காக. இரண்டாவதை வாசித்தபோது, கடைசி வாங்கில் இருந்த ஒரு அம்மா எழும்பினார். வெள்ளைச் சீலை, நெற்றியில் திருநீறு. வெளியே போகப்போகிறார் என்று நினைத்தேன். போகவில்லை. சனம் முழங்காலில் நின்றபோதும், இருந்தபோதும், பூசை முடியும்வரை அவர் நின்ற நிலையில் அசையாமல் நின்றார். எனக்கு ஏனோ அந்தப் பக்கம் பார்க்கவே பிடிக்கவில்லை.

பூசை முடிந்து எல்லோரும் மண்டபத்தில் பற்றிஸும் தேத்தண்ணீரும் எடுத்துக்கொண்டிருக்கையில் அவர் என்னிடம் வந்தார்.

"அண்ணை, நீங்கள் வாசிச்ச தீடை ஆத்துமா ஆர்?"

நான் கதையைச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அது நான்தான்" என்றார்.

கையிலிருந்த தேத்தண்ணீர் என் சேட்டில் ஊற்றுப்பட்டது. உயிரோடு நிற்கிற ஒருத்தியின் ஆத்துமாவுக்காக இத்தனை வருடம் மைக்கில் மன்றாடியிருக்கிறேன். அவர் கையைத் தொட்டுப் பார்க்க வேண்டும்போல இருந்தது. நல்லவேளை, செலீனா அக்கா வந்துவிட்டா.

அவருடைய பெயர் சிவபாக்கியம். கட்டுக்கரைப் பக்கம். இந்திய அகதி முகாமில் இருந்துவிட்டு இப்போதுதான் ஊருக்குத் திரும்பியிருக்கிறார். மன்னார் ரவுணில் ஒட்டியிருந்த மரண அறிவித்தலில் முகத்தைக் கண்டு வந்திருக்கிறார்.

"கோவிக்காதேங்கோ அக்கா," என்றார் செலீனா அக்காவிடம். "நன்றி சொல்ல நான் வரேல்லை. ஏன் விட்டிட்டுப் போனனீங்கள் எண்டு ஒருக்கா முகத்துக்கு நேரை கேக்கவேணும் எண்டுதான் இவ்வளவு காலமும் இருந்தனான். அவர் முந்திட்டார். விடியமுன்னம் இந்திய மீன்பிடிக்காரர் வந்து என்னைத் தூக்கினவை. தண்ணி அப்ப கழுத்துக்கு வந்திட்டுது."

செலீனா அக்காவின் முகத்தில் சந்தோசம் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. கதிரையை இழுத்து மெல்ல இருந்தா.

"அப்ப எங்கடை போட்டிலை இருக்கிறது ஆர்?"

அவ சிவபாக்கியம் அம்மாவின் கால்களைப் பார்த்தா.

"நானும் கேட்டிருக்கிறன் தங்கச்சி. வாங்கிலை இருந்து காலை ஆட்டி ஆட்டிக் குதிக்காலாலை அடிக்கிற சத்தம். நீங்கள் உயரமான ஆள். அந்த வாங்கிலை இருந்தா உங்கடை கால் நிலத்திலை முட்டும். எனக்கு இவ்வளவு காலமும் இது விளங்கேல்லையே."

எனக்கும் விளங்கியிருக்கவில்லை. வளர்ந்த ஆள் அந்த வாங்கில் இருந்து காலை ஆட்ட முடியாது.

சிவபாக்கியம் அம்மா சுவரில் சாய்ந்துகொண்டார்.

"என்ரை மகள்," என்றார். "போர்வைக்குள்ளை என்ரை தோளிலை கிடந்தவள். காய்ச்சல். அவவுக்கு ஒண்டுக்கு வருது எண்டுதான் தீடையிலை அங்காலை கொண்டுபோனனான். போட் போறதைக் கண்டும் நான் கத்தேல்லை. கத்தினா எல்லாரையும் பிடிச்சிருப்பாங்கள். தண்ணி ஏற ஏற உயத்தி உயத்தித்தான் பிடிச்சனான் அக்கா. பிறகு ஒரு அலை வந்தது."

செலீனா அக்கா அவரை இழுத்துத் தன் மடியோடு அணைத்துக்கொண்டா. நான் அழுதேன். சொல்ல எனக்கு வெட்கமில்லை.

"வீட்டிலை கதிரையிலை ஏத்தி இருத்தினா காலை ஆட்டிக்கொண்டேதான் இருப்பா," என்றார் சிவபாக்கியம் அம்மா மடியில் கிடந்தபடியே. "வள்ளத்திலையும் ஆட்ட வெளிக்கிட்டவ. சத்தம் கேட்டா நேவி வரும் எண்டு சொல்லி, வழி முழுக்க ரெண்டு காலையும் இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு வந்தனான். நொந்திருக்கும்."

"பிள்ளைக்கு என்ன பேர்?" என்று கேட்டேன்.

"துசாந்தினி."

"நாளையிலையிருந்து பேரைச் சொல்லி வாசிக்கிறன் அம்மா. உங்களுக்குச் சம்மதமோ?"

"வாசியுங்கோ. அவவுக்கு ஒருத்தரும் ஒண்டும் செய்யேல்லை. செய்தா செத்துப்போனா எண்டு ஆகிடும் எண்டு நான்தான் விடேல்லை."

எல்லோரும் கரைக்குப் போனோம். வெயில் சாய்ந்திருந்தது. தூரத்தில் காற்றாலைகள் சுழன்றுகொண்டிருந்தன. போட் காய்ந்த மணலில் கிடந்தது. சிவபாக்கியம் அம்மா அந்த வாங்கைத் தொடாமல் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு சத்தமும் இல்லை. எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. தண்ணீர் இல்லை, அதனால் சத்தமும் இல்லை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

செலீனா அக்காதான் முடிவெடுத்தா. "ரொபின்சன், வாங்கைக் கழட்டித் தாயிட்டைக் குடு. தாயைக் காணாமல்தான் பிள்ளை இவ்வளவு காலமும் இறங்கேல்லை. அப்பாவும் தங்கச்சி தங்கச்சி எண்டு கூப்பிட்டா, தன்னைத்தான் கூப்பிடுறார் எண்டு அந்தப் பிள்ளைக்கு என்னண்டு தெரியும்?"

துருப்பிடித்த ஆணிகளோடு ரொபின்சன் மல்லுக்கட்டினான். கடைசி ஆணி கழன்றதும் செலீனா அக்கா கடலைப் பார்த்து, "நீங்களும் இறங்குங்கோ, இனி என்ன" என்றா, சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிற குரலில்.

பஸ் எடுக்கும் சந்திவரை போக ஓட்டோ ஒன்று பிடித்தேன். வேறு ஊர்ப் பெடியன், இந்தக் கதை ஒன்றும் தெரியாதவன். சிவபாக்கியம் அம்மா வாங்கைச் சீற்றில் தனக்குப் பக்கத்தில் ஏற்றி, விழாமல் கையால் அணைத்துக்கொண்டார். பெடியன் எஞ்சினை இழுக்கக் குனிந்தவன், இழுக்காமல் நின்றான். திரும்பியும் பார்க்கவில்லை.

"அம்மா, பிள்ளையைக் காலை ஆட்டவேண்டாம் எண்டு சொல்லுங்கோ. சீற்றிலை உதைக்கிறா."

நான் தண்ணி என்று சொல்ல வாயெடுத்துவிட்டு மூடிக்கொண்டேன். நாங்கள் நின்றது தார் வீதியில்.

சிவபாக்கியம் அம்மாவின் கை பழக்கத்தில் வாங்கின் முன்பக்கம் போனது. பலகையில் படுமுன் நின்றது. மெல்லக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"ஆட்டட்டும் தம்பி," என்றார். "நீங்கள் போங்கோ."