வெள்ளைச் சாக்கில் ஒரு சொட்டு

தட்சணாமூர்த்தி உப்பளத்துக்குள் கெட்ட வார்த்தை பேசமாட்டார். உப்பு விளைகிற இடத்தில் வாய் சுத்தமாக இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. அதனால் அன்று காலை பாத்தித் தண்ணீரின் மேல் மயில்கழுத்து நிறத்தில் ஒரு படலம் மிதப்பதைப் பார்த்தவுடன், வரப்பை விட்டு இறங்கி ரோட்டோரம் போய், வேண்டிய மட்டும் திட்டிவிட்டுத் திரும்பி வந்தார்.

“பாக்கியம், இது உன் வண்டி எண்ணெதான?”

“என் வண்டி எண்ணெதாங்க அண்ணே,” என்றாள் பாக்கியலட்சுமி. வேறு யார்மேல் போட முடியும்? அந்த வரப்பில் ஓடுவது அவளுடைய பழைய பிக்கப் ஒன்றுதான்.

மரக்காணம் அளங்களில் அதுதான் வழக்கம், ஒரு வரப்புக்கு ஒரு வண்டி. லாரியின் கனத்தை வரப்பு தாங்காது. குவியலில் இருந்து ரோட்டோரக் கொட்டகை வரைக்கும் உப்பைச் சின்ன வண்டியில்தான் கொண்டுபோக வேண்டும். எந்த இடத்தில் மண் இளகும், எந்தத் திருப்பத்தில் பின்சக்கரம் வழுக்கும் என்பதெல்லாம் ஓட்டி ஓட்டித் தெரிவது. ஒரு வண்டி அமைந்துவிட்டால் முதலாளிகள் லேசில் மாற்றமாட்டார்கள். மாற்றிவிட்டாலோ, பழைய வண்டியைத் திரும்பக் கூப்பிடமாட்டார்கள்.

“எண்ணெ பட்ட பாத்தியில உப்பு ஒழுங்கா உறையாது. உறைஞ்சாலும் பழுப்பா வரும். அத எவன் வாங்குவான்?” என்றார் தட்சணாமூர்த்தி. “நாளான்னிக்கு வா. வரப்புல ஏறறதுக்கு முன்ன உன் வண்டிக்கு அடியில வெள்ளச் சாக்கு விரிப்பேன். ஒரு சொட்டு விழுந்தாலும் வண்டிய திருப்பிக்கினு போயிடு. ஜெயப்பிரகாஷ் புது வண்டி எடுத்துட்டு தினமும் போன் பண்றான்.”

“விரிங்க. சாக்கு சுத்தமா இருந்தா?”

“இருந்தா குவியல் மூணையும் நீயே ஏத்து. மழைக்கு முன்ன.”

புரட்டாசி பிறந்துவிட்டது. கிழக்கே கடலுக்கு மேல் மேகம் கட்டுவதும் கலைவதுமாக இருந்தது. கூடையோடு நின்ற சரஸ்வதி, அளத்தில் உப்பு சுமக்கிறவள், வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

“டிரைவரக்கா, உன் வண்டிக்கு வயித்தால போவுதா?”

“ஆமாண்டி, மருந்து குடுக்கத்தான் போறேன். நீ அதுக்குள்ள கூடை ஓட்டைய அடைச்சு வை. பாதி உப்பு வழியிலயே கொட்டுது.”

பாக்கியலட்சுமிக்கு ஐம்பத்திரண்டு வயது. ஓமிப்பேர் பக்கம் மானாவாரி நிலம் வைத்திருந்த வீட்டுப் பெண். புருஷன் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய் அங்கேயே வேறு குடித்தனம் வைத்துக்கொண்டான். அவள் அழுதது எத்தனை நாளோ தெரியாது. புதுச்சேரிக்குப் போய் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பயிற்சியில் சேர்ந்தது மட்டும் ஊருக்குத் தெரியும். அதற்கப்புறம் பல வருஷம் வீடு வீடாகப் போய்ப் படுக்கையில் கிடந்தவர்களைப் பார்த்துக்கொண்டாள். குளிப்பாட்டி, புரட்டிப் படுக்க வைத்து, முதுகுக்குப் பவுடர் போட்டு, ட்யூப் மாற்றி, சோறு ஊட்டி. கடைசியாக இருந்த வீட்டில் பெரியவரை வாரத்துக்கு மூன்று தரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக ஆளில்லை என்று அவளே கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். அவர் போன பிறகு, தூக்கித் தூக்கி இடுப்பு விட்டுப்போயிருந்தது. அனுமந்தையில் மீன் ஏற்றிக்கொண்டிருந்த இந்த பிக்கப்பை வாங்கினாள். “ஆளத் தூக்கினா இடுப்பு போவுது. வண்டியத் தூக்க ஜாக்கி இருக்குது,” என்று சொன்னாள். அவ்வளவுதான் காரணம்.

அன்றே நூர் முஹம்மதின் ஷெட்டுக்கு வண்டியை விட்டாள். நூர் பாய் ஷார்ஜாவில் கராஜ் வேலை பார்த்துவிட்டு வந்து ஈ.சி.ஆர். ஓரமாக ஷெட் போட்டவர். கை சுத்தமான வேலைக்காரர், வாய்தான் கொஞ்சம் முந்திக்கொள்ளும். பத்து நாளைக்கு முன்னால்தான் இன்ஜினின் முன்பக்க ஆயில் சீலை மாற்றியிருந்தார். சீல் என்பது சுற்றுகிற தண்டைக் கவ்விப் பிடித்து எண்ணெயை உள்ளேயே நிறுத்தும் ரப்பர் வளையம். கழற்றிய பழைய வளையம் பிளாஸ்டிக் வளையல் மாதிரி இறுகி, வளைத்தால் விண்டுபோயிற்று. அதை மாற்றியது சரிதான். ஆனாலும் ஒழுகல் நிற்கவில்லை.

“அப்ப பின் சீலுதான்க்கா,” என்றார் நூர் பாய், வண்டியைத் தொடாமலே. “கியர்பாக்ஸ இறக்கணும். சீலு மெட்ராஸ்ல இருந்து வரணும். ஒரு வாரம் ஆவும்.”

“பின் சீலுன்னு எப்டி சொல்றீங்க பாய்? பாத்தீங்களா?”

“அடியில எங்க பாத்தாலும் எண்ணெ. இந்த ஊரு வண்டிங்க எல்லாம் எண்ணெ தேச்சுக்கினு திரியுது. எதுன்னு பாக்கறது?”

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. உப்புக் காற்றில் இரும்பு அரித்துவிடும் என்று அளத்து வண்டிக்காரர்கள் வருஷா வருஷம் கழிவு ஆயிலை அடித்தட்டு முழுக்கப் பூசிவிடுவார்கள். புது ஒழுகல் எது, பழைய பூச்சு எது என்று கண்டுபிடிக்க முடியாது.

“கழுவிட்டுப் பாப்போம்,” என்றாள் பாக்கியலட்சுமி. “புண்ணப் பாக்காம கட்டுப் போடக் கூடாதுன்னு எனக்குப் பாடம்.”

“கழுவினா துரு ஏறும்.”

“ஏறட்டும். மறுபடி பூசிக்கலாம். டீசலும் பிரஷும் குடுங்க.”

கொடுத்துவிட்டு அவர் சும்மா நிற்கவில்லை, அவரும் ஒரு பிரஷ்ஷோடு அடியில் நுழைந்தார். இரண்டு பேருமாக இன்ஜினைக் கழுவித் துடைத்துக் காயவைத்தார்கள். பிறகு பாக்கியலட்சுமி பையிலிருந்து முகப் பவுடர் டப்பாவை எடுத்தாள்.

“இன்னாக்கா, பொண்ணு பாக்க வர்றாங்களா வண்டிய?”

“வாய மூடிக்கினு டார்ச்சப் புடிங்க பாய்.”

சீல் இருக்கும் இடம், மேல்மூடியின் ஓரம், அடித்தொட்டியின் ஓரம் எல்லாவற்றிலும் பவுடரைத் தூவினாள். வண்டியைக் கிளப்பி ஓடவிட்டார்கள். எண்ணெய் எங்கே கசிந்தாலும் வெள்ளையில் கறுப்பாக வழி போட்டுக் காட்டிவிடும். காட்டவும் செய்தது. பத்து நாள் பழக்கமே ஆன முன் சீலில் ஒரு கோடு. மேல்மூடியின் பேக்கிங்கில் இன்னொரு கோடு. எண்ணெய் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக் துளையைச் சுற்றியும் கறுப்பு. பின் சீல் பக்கம் மட்டும் பவுடர் பவுடராகவே இருந்தது.

நூர் பாய் டார்ச்சை அணைத்தார். “என் கையால போட்ட சீலுதான்க்கா இது. உதடு மடங்காம, கிரீஸ் தடவி, பதமாத் தட்டி எறக்கினேன்.”

“உங்க சீல நான் குத்தம் சொல்லல பாய். ஆனா ஒரே சமயத்துல எல்லா வாயிலயும் எப்டி வரும்?”

அவர் ஓடுகிற இன்ஜினின் எண்ணெய் மூடியைத் திருகித் தளர்த்தினார். மூடி ‘புஸ்’ என்று எகிறிக் கையில் தட்டியது. உள்ளேயிருந்து சூடான காற்று முகத்தில் அடித்தது. அவர் முகம் மாறிவிட்டது.

“உள்ள பிரஷர் கட்டுதுக்கா. பிஸ்டன் ரிங்கு தேஞ்சுட்டா இப்டித்தான். அப்டின்னா இன்ஜினையே இறக்கணும். ஒரு மாசம்.”

ஒரு மாசம் என்றால் மழை. மழை என்றால் குவியல் ஜெயப்பிரகாஷ் வண்டியில் போய்விடும், கூடவே வரப்பும். பாக்கியலட்சுமி வண்டியை அணைத்துவிட்டு, பானெட்டின்மேல் கையை ஊன்றிக்கொண்டு அந்தக் கறுப்புக் கோடுகளையே பார்த்தாள். இதை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று இருந்தது.

பார்த்திருந்தாள். மூத்திரத்துக்கு ட்யூப் போட்ட நோயாளிகளிடம். பை காலியாகவே இருக்கும், படுக்கை நனைந்து கிடக்கும். ட்யூப் சரியில்லை, பெரிய சைஸ் போடு என்று வீட்டார் கத்துவார்கள். அவள் முதலில் போர்வையைத் தூக்கிப் பார்ப்பாள். நோயாளியின் தொடைக்கடியில் ட்யூப் மடங்கி நசுங்கியிருக்கும். போகிற வழி அடைபட்டால் இருக்கிற இடுக்கில் எல்லாம் கசியத்தான் செய்யும். ட்யூபை நிமிர்த்திவிட்டால் படுக்கை நனைவது நின்றுவிடும்.

“பாய், ரிங்கு கிங்கெல்லாம் அப்பறம். உள்ள சேர்ற காத்து வெளிய போறதுக்கு எதுனா வழி இருக்குதா?”

“இருக்குதே. பிரீதர் பைப்பு. இதோ மேல இருந்து கெளம்பி, பின்னால எறங்கி, அடியில வாயத் தொறந்துக்கினு…”

சொல்லிக்கொண்டே பைப்பின்மேல் விரலை ஓட்டிக்கொண்டு போனவர், கடைசியில் நின்றுவிட்டார். பைப்பின் வாயை ஒரு கறுத்த கட்டி அடைத்திருந்தது. கழுவும்போது இரண்டு பேருக்கும் அது ஏதோ மண்கட்டி என்றுதான் பட்டது. பாக்கியலட்சுமிக்கு இப்போது பார்க்கவே தேவையில்லை.

ஆடியில் காற்று எடுத்தால் அளத்தில் உப்புத் தூள் மாவு மாதிரி பறக்கும். அதற்காக ஏர் ஃபில்டர் வாயில் மெல்லிய துணியைக் கட்டிவிடுவது அங்கே எல்லா வண்டிக்காரர்களும் செய்வது. இந்த ஆடியில் அவளும் கட்டினாள். கட்டிவிட்டுக் குனிந்தபோது அடியில் இன்னொரு குழாய் வாயைத் திறந்துகொண்டு தொங்கியது. திறந்திருக்கிறது எதையும் அவள் திறந்தபடி விட்டுப் பழகியதில்லை. கையில் மீதியிருந்த துணியை அதிலும் இறுக்கிச் சுற்றிவிட்டாள்.

“அது நான் கட்டினது,” என்றாள்.

நூர் பாய் கத்தியால் அறுத்து எடுத்தார். எண்ணெய் ஆவியும் உப்பும் ஊறி ஊறி அது துணியாகவே இல்லை. எலும்பு முறிவுக்குப் போடும் மாவுக்கட்டு மாதிரி இறுகியிருந்தது. தரையில் போட்டால் டொக்கென்று சத்தம்.

“யக்கா,” என்றார் அவர், சிரிப்பை அடக்க முடியாமல், “வண்டிய மூச்சு வுட வுடாம மூக்க பொத்தி வெச்சிருக்கியே. ஆளுங்கள எப்டிப் பாத்துக்கின?”

“அவங்க யாரும் கம்ப்ளைன்ட் பண்ணல பாய்,” என்றாள் பாக்கியலட்சுமி. பிறகு அவளும் சிரித்துவிட்டாள். “சரி, தப்பு என்னுது. இன்னும் பொத்தி வெச்சிருந்தா பின் சீலும் போயிருக்கும். இப்ப இன்னா பண்ணணும், அத சொல்லுங்க.”

வண்டியைக் கிளப்பினார்கள். எண்ணெய் மூடியைத் தளர்த்தினால் இப்போது லேசாக ஆடியதே தவிர எகிறவில்லை. பழைய இன்ஜினுக்கு இந்தப் பெருமூச்சு சகஜம், ரிங் தாங்கும் என்றார் நூர் பாய். மேல்மூடியின் பேக்கிங் அழுத்தத்தில் பிதுங்கியிருந்ததால் அதை மாற்றினார். முன் சீலைக் கழற்ற அவருக்கு மனசில்லை. அவளும் வேண்டாம் என்றாள். பிரீதர் குழாயோடு கூட ஒரு துண்டுக் குழாயைச் சேர்த்து, கேபினுக்குப் பின்னால் உயரமாக ஏற்றி, வாயைக் கீழ்நோக்கி வளைத்துக் கட்டினார்கள். உப்புத் தூள் அவ்வளவு உயரத்தில் வளைந்து உள்ளே போகாது. வாய்க்குத் துணி கிடையாது, கம்பி வலைதான். மறுபடி துடைத்து, மறுபடி பவுடர் போட்டு, திண்டிவனம் ரோட்டில் ஓட்டிவிட்டு வந்து பார்த்தார்கள். பவுடர் எல்லா இடத்திலும் வெள்ளையாக இருந்தது.

சொன்ன நாளில் அவள் அளத்துக்குப் போனபோது மேகம் கலையாமல் நின்றது. வரப்பு ஏறும் இடத்தில் தட்சணாமூர்த்தி வெள்ளைச் சாக்கோடு தயாராக இருந்தார். ஜெயப்பிரகாஷின் புது பிக்கப்பும் கொஞ்சம் தள்ளி நின்றிருந்தது. அவன் டீ குடிக்க வந்ததாகச் சொன்னான். அங்கே டீக்கடை கிடையாது.

சாக்கை விரித்தார்கள். அவள் வண்டியை அதன்மேல் நிறுத்தி, அணைக்காமல் ஓடவிட்டாள். “ஆஃப் பண்ணலாமே,” என்றான் ஜெயப்பிரகாஷ். “ஓடற வண்டிதான் ஒழுகும். நிறுத்தினா உனுக்கு அப்பறம் சந்தேகம் வரும்,” என்று சொல்லிவிட்டு, நடுநடுவே ஆக்ஸிலேட்டரையும் மிதித்தாள். சரஸ்வதியும் மற்றப் பெண்களும் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள்.

தட்சணாமூர்த்தி முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். சாக்கை இழுத்தெடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். திருப்பியும் பார்த்தார். பிறகு முகர்ந்து பார்த்தார்.

“இன்னாது, பவுடர் வாசன வருது?”

“புது வைத்தியம்ணே. ஏத்தட்டுமா?”

அவர் சாக்கை நான்காக மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டார். “ஏத்து. சாக்கு என்கிட்டயே இருக்கட்டும். அப்பப்ப விரிப்பேன்.”

“தினமும் விரிங்க.”

ஜெயப்பிரகாஷ் வண்டியை எடுக்கப் போனான். ஜன்னல் வழியாகப் பாக்கியலட்சுமி அவனைக் கூப்பிட்டாள்.

“ஏம்பா, உன் வண்டிக்கு ஏர் ஃபில்டர்ல துணி கட்டியிருக்கியா?”

“கட்டியிருக்கேன். ஏன்?”

“அடியில ஒரு பைப்பு தொங்கும். அதுல கட்டாத. கட்டியிருந்தா இன்னிக்கே அறுத்துப் போடு. நூர் பாய்கிட்ட கேளு, காட்டுவாரு.”

அவன் சந்தேகமாகப் பார்த்துவிட்டுத் தன் வண்டிக்கு அடியில் குனிந்தான். அவன் நிமிர்வதற்குள் அவள் முதல் கியரைப் போட்டு வரப்பில் ஏறிவிட்டாள். முதல் குவியலின்மேல் இருந்த தார்ப்பாயைச் சரஸ்வதி இழுத்துக்கொண்டிருந்தாள். அன்று பொழுது சாய்வதற்குள் இரண்டு குவியல் கொட்டகைக்குப் போய்விட்டது. மூன்றாவதை மறுநாள் காலை ஏற்றி முடித்து, வண்டி கடைசி நடையைக் கொட்டகையில் இறக்கிவிட்டு ரோட்டைத் தொட்டபோதுதான் கண்ணாடியில் முதல் தூறல் விழுந்தது. பாக்கியலட்சுமி வைப்பரைப் போட்டாள். அது ஓடவில்லை. வண்டியை நேராக நூர் பாய் ஷெட்டுக்குத் திருப்பினாள்.