முடியாத தொடரும் முறைக்கிற மாமனாரும்

என் மாமனார் வழுக்கி விழுந்த குளியலறைக்கு ஓடு பதித்தவன் நான். இதைவிடச் சுருக்கமாக என் வாழ்க்கை வரலாற்றை யாராலும் எழுத முடியாது.

அந்த வழவழப்பான டைல்ஸைத் தேர்ந்தெடுத்தவர், வீட்டுக்காரரான என் மைத்துனர். "கால் வழுக்கும், சொரசொரப்பா எடுங்க" என்று கடையிலேயே தலைபாடாக அடித்துக்கொண்டேன். முகம் பார்க்கிற மாதிரி இருக்கவேண்டும் என்றார். பதித்துக் கொடுத்தேன். ஆனால் விழுந்தவர் மருத்துவமனைக் கட்டிலில் கண் திறந்ததும் மகளைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை, "உன் புருஷன் போட்ட டைல்ஸ்" என்பதுதான். மைத்துனர் பக்கத்தில் நின்று ஜன்னலைப் பார்த்தார். நானும் வேறு வழியில்லாமல் அதே ஜன்னலைப் பார்த்தேன்.

அவருக்கு ஏற்கெனவே என்னைப் பிடிக்காது. மாமா பேருந்துப் பணிமனையில் நேரக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த வண்டி எப்போது கிளம்பியது, எப்போது போய்ச் சேர்ந்தது என்று பார்த்தே காலம் கழித்தவர். மேஜைக்குப் பின்னால் உட்காருகிற மாப்பிள்ளையை எதிர்பார்த்தார். தரையில் மண்டி போடுகிற மாப்பிள்ளை வாய்த்தான். கல்யாணத்துக்கு வந்தார், சாப்பிட்டார், அதன்பிறகு என்னோடு நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் எதிரிலேயே நின்றாலும் மகளிடம்தான் சொல்வார். "அவரைக் கொஞ்சம் ஃபேனைக் குறைக்கச் சொல்லு." ஃபோனிலும் அப்படித்தான். நான் எடுத்துவிட்டால், "அவ இல்லையா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவார்.

மைத்துனர் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. எங்கள் வீடு தரைத்தளம். அதனால், இடுப்பில் தகடு வைத்த மனிதரை, படி ஏறத் தேறுகிற வரைக்கும் எங்கள் முன்னறையில் கொண்டுவந்து படுக்க வைத்தார்கள். எங்கள் டிவியும் அந்த அறையில்தான் இருக்கிறது. வினை அங்கேதான் தொடங்கியது.

எனக்கு ஒரு பைத்தியம் உண்டு. 'மௌன மணி' என்று ஒரு ஜப்பானிய அனிமே தொடர். ஒரு பெண் பெரிய வெண்கல மணியைத் துணியால் சுற்றி முதுகில் கட்டிக்கொண்டு, ஏழு நாடுகளைத் தாண்டி ஒரு மலைக்கோபுரத்துக்குப் போகிறாள். வழியில் மணி ஒருமுறை ஒலித்தாலும் மண்ணுக்கடியில் தூங்குகிற அரக்கர் படை எழுந்துவிடும். கோபுரத்தில் மாட்டி அடித்தால் அந்தப் படை அப்படியே கல்லாகிவிடும் என்று ஒரு கிழவன் பாடிய பாட்டு இருக்கிறது. அந்தக் கிழவன் நல்லவனா, படைக்குக் கையாளா என்பதுதான் கதையின் சிக்கல்.

இதைவிடப் பெரிய கதை பூமியில் வந்ததில்லை என்று நான் சத்தியம் செய்வேன். பூமி கண்டுகொள்ளவில்லை. வேலைக்குப் போகிற வீட்டிலெல்லாம், பதித்த தரை காய்கிற நேரத்தில் வீட்டுக்காரரைப் பிடித்து உட்காரவைத்துப் பரிந்துரைப்பேன். "கண்டிப்பா பாக்கறேன்" என்பார்கள். மறுநாள் கேட்டால், "அந்த மூலையில தரை சமமா இருக்கான்னு ரசமட்டம் வச்சுப் பாத்தீங்களா?" என்று பேச்சை மாற்றுவார்கள். இணையத்தில் எங்களுக்கென்று ஒரு ரசிகர் குழு உண்டு. கழுதை தேய்ந்து கட்டெறும்பானதுபோல, இப்போது எல்லோரையும் ஒரே வேனில் ஏற்றிவிடலாம். முழங்காலை மடக்கினால் கதவுக் கீல் மாதிரி சத்தம் வருகிற வயதில் ஒருவன் பொம்மைப் படம் பார்த்து மூக்கை உறிஞ்சுவதை, என் மனைவி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

எங்கள் குழுவில் எல்லோரும் கூசாமல் ஒரு மோசடி செய்வோம். தொடரைப் பார்க்கச் சொல்வோம். அது பாதியில் நிற்கிறது என்பதை மட்டும் சொல்லமாட்டோம். எடுத்த கம்பெனி மூடிவிட்டது. மூலக்கதை எழுதியவரும் பேனாவை மூடிவைத்துவிட்டார். இதைச் சொன்னால் எவன் பார்ப்பான்?

மாமாவிடம் பரிந்துரைக்கிற அளவுக்கு எனக்கு நெஞ்சுரம் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவர் தூங்குகிறார் என்று நம்பி, சத்தத்தைக் குறைத்து முதல் பகுதியைப் போட்டேன். எத்தனையாவது தடவை என்று கேட்காதீர்கள். பாதியில் மாமா மகளைக் கூப்பிட்டார்.

"அந்தப் பொண்ணு என்ன சொல்லுதுன்னு கேளு."

திரையின் அடியில் ஓடுகிற எழுத்து அவர் கண்ணுக்கு எட்டவில்லை. "நீங்களே படிச்சுக் காட்டுங்க, எனக்கு அடுப்புல வேலையிருக்கு" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. படித்தேன். சும்மா படித்தால் போதாதா? எனக்குள் இருந்த நடிகன் எழுந்துகொண்டான். பெண்ணுக்குக் கீச்சுக் குரல், அரசனுக்கு அடித்தொண்டை, கிழவனுக்கு இருமல். யாருக்கு உடம்பு சரியில்லை என்று பக்கத்து வீட்டு அம்மா வந்து விசாரித்துவிட்டுப் போனார்.

இரண்டு மூன்று பகுதிகள் ஓடியிருக்கும். ஒரு நாள் நான் டிவியை அணைத்ததும் மாமா கேட்டார்.

"அந்தக் கிழவனை அது ஏன் நம்புது?"

நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். மனைவி அங்கே இல்லை. என்னைத்தான் கேட்டிருக்கிறார்.

"பாட்டு நல்லா இருந்துச்சு மாமா, அதான்" என்று உளறினேன்.

"பாட்டுக்காரனை நம்பினா உருப்பட்ட மாதிரிதான்" என்றார்.

அந்த ஒரு வரியை மறுநாள் வேலையிடத்தில் நினைத்து நினைத்துச் சிரித்ததில், ஒரு டைல்ஸைத் தலைகீழாகப் பதித்துவிட்டேன்.

அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழைந்தால், நகக்கண்ணில் சிமெண்ட் காய்வதற்குள் மாமா தலையணையைச் சாய்த்து வைத்துக்கொண்டு தயாராக இருப்பார். "இன்னிக்கு வண்டி லேட்டு" என்பார். மூன்றாவது நாட்டின் அரசி இறந்தபோது இருவரும் வேறு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு மூக்கைத் துடைத்தோம். நடுநடுவே என் வேலையைப் பற்றிக்கூடக் கேட்டார். சுவர் கோணலாக இருந்தால் டைல்ஸை எப்படி நேராகப் பதிப்பது என்று கேட்டார். யோசித்துப் பாருங்கள், என் மாமனார் என்னிடம் சந்தேகம் கேட்கிறார்! எனக்குத் தலைகால் புரியவில்லை.

புரிந்தபோது, மிச்சமிருந்த பகுதிகளை எண்ணிப் பார்த்தேன். பகுதிகள் தீர்ந்துகொண்டிருந்தன. கதை நின்றால் இவர் பேச்சும் நின்றுவிடும். நான் இழுத்தடிக்க ஆரம்பித்தேன். நெட் வரவில்லை என்றேன். தலைவலி என்றேன். ஏற்கெனவே பார்த்த பகுதியைப் புதிது மாதிரி போட்டேன். "இந்த ஆத்தை இவ முந்தாநாளே தாண்டியாச்சு" என்றார் மாமா. வாழ்நாள் முழுக்க வண்டிகளைக் கண்காணித்தவரிடம் போய் என் சாமர்த்தியத்தைக் காட்டினேன்.

கடைசிப் பகுதி வந்தேவிட்டது. பெண் கோபுரத்தில் ஏறினாள். மணியை மாட்டினாள். துணியைச் சுற்று சுற்றாக அவிழ்த்தாள். சுத்தியலை ஓங்கினாள். திரை கறுத்தது. 'தொடரும்' என்று வந்தது.

"போடுங்க" என்றார் மாமா.

"என்ன மாமா?"

"அடுத்தது."

"இல்ல மாமா."

"சரி, நாளைக்குப் பாக்கலாம்."

"நாளைக்கும் இல்ல மாமா. அவங்க எடுக்கவே இல்ல."

மாமா தலையணையிலிருந்து நிமிர்ந்தார். "தெரிஞ்சேதான ஏத்தினீங்க?" என்றார். "நடுவழியில இறக்கிவிடறதுன்னு தெரிஞ்சே ஒருத்தனை வண்டியில ஏத்துவாங்களா?"

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மறுநாள் காலையில், நான் அறையில் இருக்கும்போதே, "அவரை அந்த டிவியை மூடிவைக்கச் சொல்லு" என்று மகளிடம் சொன்னார். மறுபடியும் 'அவர்' ஆகிவிட்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், வேலைக்குப் போகிற வழியில் வண்டியை ஓரமாக நிறுத்திக் கொஞ்சம் அழுதேன்.

"ஊர்ல யாருகிட்டயும் சொல்லாம இருந்தீங்க, சரி. அப்பாகிட்டயாவது சொல்லியிருக்கக் கூடாதா?" என்று மனைவி கேட்டாள்.

"சொல்லியிருந்தா என்கிட்ட பேசியிருப்பாரா?"

அவள் வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டவனைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

மாமா தடியூன்றிப் படி ஏறப் பழகிவிட்டார். கிளம்புகிற நாள் நெருங்கியது. என்னால் ஒரு கதையை முடித்துவைக்க முடியாது. ஒரு தரையை முடித்துவைக்க முடியும். மைத்துனர் வீட்டுக் குளியலறையில் நானே பதித்த வழவழப்பை நானே உளியால் பெயர்த்தெறிந்துவிட்டு, சொரசொரப்பான டைல்ஸ் போட்டேன். மைத்துனர் இந்த முறை கடைப் பக்கமே வரவில்லை. மாமாவை அழைத்துப்போனபோது அவர் மகளிடம் சொல்லிக்கொண்டார், பக்கத்து வீட்டு அம்மாவிடம் சொல்லிக்கொண்டார். நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன்.

ஒரு வாரம் போயிருக்கும். மனைவி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவள் ஃபோன் அடித்தது. பார்த்தால் மாமா. பழக்கதோஷத்தில் எடுத்துவிட்டேன்.

"இருங்க மாமா, அவகிட்ட தரேன்."

"அவ எதுக்கு?" என்றார். மூச்சு வாங்கியது. பிறகு, "மாப்பிள்ளை, அவ அடிச்சிருக்க மாட்டா" என்றார்.

அவர் என்னை மாப்பிள்ளை என்று கூப்பிட்டதே இல்லை; மீதி என் காதில் ஏறவில்லை. "யாரு மாமா?"

"அந்தப் பொண்ணுதான். குளியலறையில நின்னு யோசிச்சேன். கிழவன் பாடினது பொய். கோபுரத்துக்கு ஏறினதும் அவளுக்கு அது புரிஞ்சிருக்கும். சுத்தியலைக் கீழ வச்சிருப்பா."

இங்கே நான் ஆமாம் என்று சொல்லியிருக்க வேண்டும். மூளை உள்ள எந்த மருமகனும் சொல்லியிருப்பான்.

"இல்ல மாமா, அடிச்சிருப்பா."

"எப்படிச் சொல்றீங்க? ஆறாவது நாட்டுல அந்தக் கிழவன் வாசலைத் தாண்டாம நின்னானே, பாக்கலையா?"

"அது கால்வலி மாமா!"

"கால்வலியா? கண்ணு இருக்கா உங்களுக்கு?"

என்னைத் திட்டிக்கொண்டே போனார். நானும் விடவில்லை. மனைவி ஈரக் கையோடு வந்து, "அப்பாவா? குடுங்க" என்று கையை நீட்டினாள். "இரு" என்றேன். அவள் நீட்டிய கையை மடக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"இது இன்னிக்கு முடியாது. நாளைக்குக் கூப்பிடறேன், நீங்களே எடுங்க" என்று சொல்லி மாமா வைத்துவிட்டார்.

"என்னைக் கேட்டாரா?" என்றாள் மனைவி.

இல்லை என்று சொல்ல எனக்குக் கொஞ்சம்கூட வருத்தமாக இல்லை.