தொட்டில் தாங்காத இச்சி

அந்த மண்தட்டு என் வீட்டுக்காரருக்கு லாட்ஜில் கிடைத்தது. திருப்பதியில் தெருவுக்குத் தெரு லாட்ஜ் எழும்பிக்கொண்டிருந்த காலம். அதில் ஒன்றில் அவருக்குத் தோட்ட வேலை. முதலாளி பெங்களூரிலிருந்து, போன்சாய் என்று தட்டில் வளர்க்கும் குட்டை மரம் ஒன்றை வாங்கி வந்து, வரவேற்பறை ஏ.சி.யில் வைத்தார். ஒரே மாசத்தில் அது சருகாகிவிட்டது. தூக்கிப் போடச் சொன்ன தட்டை இவர் கழுவி வீட்டுக்குக் கொண்டுவந்தார். கூடவே ஆலமரச் சாதியில் ஒரு இச்சிக் கன்றும் வந்தது. லாட்ஜ் தண்ணீர்த் தொட்டிச் சுவரில் முளைத்த கன்று, சுவரைப் பிளந்துவிடும் என்று பிடுங்கச் சொன்னார்களாம்.

கறிவேப்பிலைக் கன்று வைத்தாலாவது குழம்புக்கு ஆகும் என்று நான் வள்ளென்று விழுந்தேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், ஊரே சொல்லும். அவர் சிரித்துவிட்டு மண் சலிக்கப் போய்விட்டார்.

அப்பப்பா, அந்த மரத்துக்கு அவர் செய்த பணிவிடை! பழைய மோட்டாரிலிருந்து உருவிய செம்புக் கம்பியைக் கிளையில் சுற்றி, கொஞ்சம் கொஞ்சமாக வளைப்பார். கம்பி பட்டையில் பதிவதற்குள் அவிழ்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தழும்பு விழும். இரண்டு வருசத்துக்கு ஒரு தரம், மழை தொடங்கினதும், மரத்தைத் தட்டிலிருந்து தூக்கிச் சுருண்டு கிடக்கும் வேரை அலசுவார். பாதிக்குக் கொஞ்சம் குறைவாக வெட்டிப் போட்டுவிட்டு, செங்கல் பொடியும் மணலும் நிரப்பி மறுபடி உட்கார வைப்பார். முதல் தடவை அதைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு பதறிப்போனது. வெட்டின இடத்திலெல்லாம் பால் சொட்டியது. ஆறேழு வருசத்தில் மரம் முழங்கை உயரத்தோடு நின்றுவிட்டது. அடி பருத்து, இலை சிறுத்து, தூரத்து ஏரிக்கரையில் நிற்கும் கிழட்டு மரம் மாதிரி இருந்தது. சத்தியமாக அழகுதான்.

அந்த வருசங்களில் எனக்கு இரண்டு தடவை கரு தங்கிற்று. இரண்டும் ஐந்தாம் மாசத்தில் போயிற்று. முன்கூட்டி ஒரு வலியும் இல்லை, அடையாளமும் இல்லை.

முதலாவது போனபோது நாராயணவனம் பக்கத்துக் கிராமத்திலிருந்து மாமியார் வந்தார். எனக்கு அவர் சொந்த அத்தைதான், அத்தை மகனைத்தான் கட்டியிருந்தேன். தட்டில் இருந்த இச்சியைப் பார்த்ததும் மாரில் கை வைத்துக்கொண்டார். எங்கள் பக்கத்தில் பிள்ளை இல்லாதவர்கள் பால்மரத்தில் தொட்டில் கட்டுவார்கள். ஆலோ அரசோ இச்சியோ, ஒடித்தால் பால் வடிய வேண்டும். மஞ்சள் துணியில் ஒரு கூழாங்கல்லைப் பிள்ளையாகப் படுக்க வைத்துக் கிளையில் தொங்கவிடுவார்கள். கட்டினவள் பிள்ளையோடு வந்துதான் அந்த மரத்தை மறுபடி பார்க்க வேண்டும். அப்பேர்ப்பட்ட மரத்தைக் கைகால் வெட்டி முடமாக்கி வைத்துக்கொண்டு பிள்ளை வேண்டுமென்றால் எப்படி என்று அத்தை கேட்டார். நான் விடுவேனா? அவரோடு சண்டை பிடித்து அடுத்த பஸ்ஸிலேயே ஊருக்கு அனுப்பிவைத்தேன். ஆனால் அந்தப் பேச்சு எனக்குள்ளே தங்கிவிட்டது.

இரண்டாவது போன பிறகு ஒரு காலை. நான் பாயில் கிடந்தேன். அவர் சொம்பில் தண்ணீர் எடுத்து மரத்துக்குத் தெளித்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து உட்கார்ந்தேன்.

"மரம் வளரக் கூடாதுன்னு வேரை அறுத்துக்கினே இருக்கியே மாமா, என் வயித்துல மட்டும் எப்படி நிக்கும்?"

அவர் சொம்பைக் கீழே வைத்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தட்டை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார், நானும் கூடப் போனேன். ஊர் ஏரிக்கரையில் குழி வெட்டி, கம்பியையெல்லாம் அவிழ்த்துவிட்டு மரத்தை நட்டார். நட்ட ஈரம் காய்வதற்குள் நான் மஞ்சள் துணி கிழித்துத் தொட்டில் கட்டிவிட்டேன். கல் சின்னதுதான், ஆனாலும் கிளை தாழ்ந்துபோயிற்று. அவர் ஏதோ சொல்ல வந்தார், என் முகத்தைப் பார்த்துவிட்டு அடிமண்ணை மிதித்து இறுக்கப் போய்விட்டார்.

அந்த வருசமே அவர் குவைத் போனார். எங்கள் ஜில்லாவில் வீட்டுக்கொருவர் விமானம் ஏறிக்கொண்டிருந்தார்கள். அங்கேயும் ஒரு பணக்காரர் வீட்டில் தோட்ட வேலைதான். லீவில் வந்தால் ஊருக்கு ஒரு நடை போய்விட்டு வருவார். மரம் எப்படி இருக்கிறது என்று கேட்பேன். ஆள் உயரம் ஆகிவிட்டது என்றார் ஒரு தடவை. அடுத்த தடவை, ரெண்டாள் உயரம் என்றார். எனக்குச் சந்தோசம் தாங்காது.

ஒரு லீவுக்குப் பிறகு மூன்றாவதும் தங்கியது. அதுவும் ஐந்தாம் மாசத்தில் போனது. அதற்கப்புறம் நான்கைந்து வருசம் கழித்து, வேறு ஏதோ வயிற்று வலிக்கு வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா பழைய கதையெல்லாம் கேட்டார். கர்ப்பப்பை வாய்க்குப் பலம் பத்தவில்லை, அதனால்தான் பாரம் கூடினதும் திறந்துகொண்டது, மூன்றாம் மாசம் முடிந்ததும் ஒரு தையல் போட்டிருந்தால் நின்றிருக்கலாம் என்றார். இனிமேல் போடலாமா என்று கேட்டேன். கர்ப்பப்பையில் கட்டி வளர்ந்து பெரிசாக இருக்கிறது, பையையே எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றார்.

சித்தூரில் பஸ் மாறினேன். மாம்பழ லாரிகள் வரிசையாக நின்றன. வீட்டுக்குப் போகாமல் நேராக ஊருக்குப் போனேன். பிள்ளையே இல்லை என்று ஆன பிறகு எந்த வழக்கம் என்னைத் தடுக்கும்? ஏரிக்கரையில் மரம் இருந்த இடத்தில் வெறும் தரை.

ஊரில் இருக்கும் என் ஓரகத்தி தயங்கித் தயங்கிச் சொன்னாள். என் தொட்டிலைப் பார்த்து இன்னும் ஏழெட்டுப் பெண்கள் கட்டினார்களாம். கிளைகள் முறிந்ததாம். அடியில் பாலூற்றி வாழைப்பழம் வைத்தார்களாம். பழத்துக்கு வந்த ஆடு மரத்தையும் தின்றுவிட்டது. நட்டு ஒரு மாசம்கூட ஆகவில்லை. குவைத்துக்குக் கிளம்பும் முன் அவர் வந்து பார்த்தாராம், எனக்குத் தெரியக் கூடாது என்று எல்லோரிடமும் கேட்டுக்கொண்டாராம்.

வெள்ளிக்கிழமை வழக்கம்போல தெருமுனை டெலிபோன் பூத்துக்கு அவர் போன் வந்தது. டாக்டரம்மா சொன்னதைச் சொன்னேன். ஏரிக்கரைக்குப் போனதையும் சொன்னேன். அதற்கு அவர் சொன்னார்:

"புள்ள நிக்காதது மரத்தால இல்லன்னு எனக்கு அப்பவே தெரியும்."

அப்புறம் எதற்குக் கொண்டுபோய் நட்டே என்று கேட்டேன்.

"புள்ளைக்காக எங்கிட்ட நீ கேட்டது அது ஒண்ணுதான். அத எப்படி இல்லன்னுவேன்."

பூத்துக்கு வெளியே இரண்டு பேர் காத்துக்கொண்டிருந்தார்கள். நான் போனைக் காதில் வைத்தபடியே அழுதேன். அந்தப் பக்கம் அவரும் போனை வைக்கவில்லை.