ஆடி மாதத்துக் கம்ப்யூட்டர் கல்யாணம்

இதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. என் ஆம்ப்ளிஃபயர் மேல் சத்தியம். பொய்ச் சத்தியம் பண்ணினால் புகைந்துவிடும் ரகம் அது. இதுவரை இரண்டு மூன்று தடவைதான் புகைந்திருக்கிறது.

பந்தலும் மைக் செட்டும் போடுகிற தொழிலில் ஒரு விதி உண்டு. நிகழ்ச்சி நன்றாக நடந்தால் நம்மை யாருக்கும் தெரியாது. மைக் 'குய்ங்' என்றால் மண்டபமே திரும்பி நம்மைப் பார்க்கும். மேடைக்குப் பின்னால் வயரோடு உட்கார்ந்து திட்டு வாங்கிய அத்தனை பேரும் என் சொந்தக்காரர்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

எனக்கு ஊர் பேரிகை. ஓசூரில் ஒரு சாப்ட்வேர் கம்பெனி இருக்கிறது. தொழிற்சாலை மெஷின்களை வேலை வாங்குகிற சாப்ட்வேர் செய்கிறார்கள். அதை வைத்து மேற்கொண்டு புரோகிராம் எழுதும் டெவலப்பர்களை வருஷத்துக்கு ஒரு முறை கூட்டி மாநாடு போடுவார்கள். முதல் மாநாட்டிலிருந்து பந்தல், மைக், லைட் எல்லாம் நான்தான். இந்த வருஷம் அதை அத்திப்பள்ளி தாண்டி பெங்களூருக்குத் தூக்கிக்கொண்டு போகப் பார்த்தார்கள். போயிருந்தால் எனக்கு ஆடி மாதம் அடுப்பு எரியாது. மாநாட்டை நடத்தும் கவிதாவுக்கு வேலையே போயிருக்கும். எப்படிப் போகாமல் நின்றது என்பது கடைசியில்.

ஆடியில் ஏன்?

இந்த மாநாடு எப்போதும் ஆடியில்தான் நடக்கும். வெளிநாட்டுக்காரர்கள், இதற்குப் பின்னால் பெரிய ஆராய்ச்சி இருப்பதாக நம்புகிறார்கள். ஆராய்ச்சியும் இல்லை, ஒன்றும் இல்லை. கம்பெனியை ஆரம்பித்த முனிராஜ் குருபரப்பள்ளி விவசாயி மகன். முதல் வருஷம் மண்டபம் தேடி ஓசூர் முழுக்க அலைந்தான். தையில் கேட்டால் கல்யாணம், வைகாசியில் கேட்டால் கல்யாணம். ஆடியில்தான் மண்டபத்தில் வௌவால் குடியிருக்கும். பிடித்துவிட்டான்.

வீட்டில் போய்ச் சொன்னதும் அவன் அம்மா சாப்பாட்டுத் தட்டையே திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டது. புதுப் பெண்ணைக்கூடப் பிறந்த வீட்டுக்கு அனுப்புகிற மாதத்தில் புதுச் சாப்ட்வேரை வெளியே விடுவார்களா என்று கேட்டது. பையன் பசியோடு நின்றதைப் பார்த்து, ராத்திரிக்குள் அதுவே வழியும் சொன்னது: "ஆடிப் பதினெட்டு வரைக்கும் பொறுடா. அன்னிக்கு ஆத்துல தண்ணியே பெருகுது, உன் கம்பெனி பெருகாதா?"

நடுவில் என்ன போடுவது?

கம்பெனியிடம் இரண்டு சாப்ட்வேர்கள் இருந்தன. ஒன்றின் பெயர் அர்ஜுன், இன்னொன்று மேகா. ஒரு வருஷம் இரண்டையும் ஒன்றாக இணைப்பதாக மாநாட்டில் அறிவிக்க இருந்தார்கள். இரண்டும் சேரப்போகிறது, வாசலில் பெரிசாக போர்டு வையுங்கள் என்று கவிதா போனில் சொன்னாள். நான் என் போர்டு ஆள் கிருஷ்ணப்பாவிடம் அப்படியே சொன்னேன். தெர்மாகோல் வெட்டுவதில் அவனை அடித்துக்கொள்ள ஆள் இல்லை.

காலையில் போய்ப் பார்த்தால் வாசலில் இரண்டு வாழை மரம், ரோஜாத் தோரணம், நடுவில் சிவப்பு இதயம், அதற்குள் 'அர்ஜுன் வெட்ஸ் மேகா'. கவிதாவுக்கு மயக்கமே வந்துவிட்டது. அதைவிட வேடிக்கை உள்ளே. அந்த இரண்டு சாப்ட்வேரையும் எழுதிய இரண்டு கோஷ்டிகளுக்கும் ஏற்கெனவே ஆகாது. போர்டைப் பார்த்ததும் ஒரு கோஷ்டி மாப்பிள்ளை வீட்டார் என்று முன்வரிசையைப் பிடித்தது. காபி சூடில்லை என்று முறைத்தும் கொண்டது. கிருஷ்ணப்பாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவன் கத்தியைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "ஏம்ப்பா, ரெண்டும் ஒண்ணு சேருதுன்னு நீதானே சொன்ன? சேர்றதுன்னா நடுவுல வேற என்னா போடுவாங்க?"

வெள்ளைக்காரருக்குப் பாதுகாப்பு

இன்னொரு வருஷம் பேச வந்த வெள்ளைக்காரரை முதல் பந்தியில் உட்கார வைத்தோம். இலை போட்டதிலிருந்து சாமல்பட்டிப் பையன் ஒருத்தன், நல்ல டெவலப்பர், அவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றான். நம் மண்டபங்களில் அடுத்த பந்திக்கு இடம் பிடிப்பது இப்படித்தானே? அவருக்கு அது தெரியாது. தன் காவலுக்கு ஆள் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்து நெகிழ்ந்துபோய், மூன்றாம் முறையும் ரசம் வாங்கிக்கொண்டு நிதானமாகச் சாப்பிட்டார்.

அடுத்த வருஷம் கிளம்புவதற்கு முன்பே, அதே பாதுகாவலர் கிடைப்பாரா என்று கவிதாவைக் கேட்டிருக்கிறார். அவள் பையனைக் கூப்பிட்டு விசாரித்தாள். அவன் முகம் சுருங்கிப்போய்ச் சொன்னான்: "நான் எங்க மேடம் காவல் காத்தேன்? இந்த மனுஷன் பாயசத்தோடயாவது எந்திரிப்பாரான்னு பார்த்துட்டு நின்னேன்."

ஒரு தும்மல்

இந்த வருஷம் பெங்களூரிலிருந்து புது டைரக்டர் வந்தார். பழைய மாநாட்டுப் போட்டோக்களைப் பார்த்தார். வாழை மரமும் இதயமுமாக இருந்த போட்டோவில் நெடுநேரம் நின்றார். இந்த ஒரு முறை இங்கே நடக்கட்டும், கல்யாண வாசனை துளி வந்தாலும் அடுத்த வருஷம் பெங்களூர் ஓட்டல்தான் என்று சொல்லிவிட்டார். ஓட்டலில் கவிதாவின் வேலையைப் பார்க்க அவர்களுக்கே ஆள் உண்டு. அவள் என்னைத் தேடி வந்து, கல்யாணமே தெரியாத ஊரில் நடப்பது மாதிரி நடத்திக் கொடுங்கள் பெரியப்பா என்றாள்.

கொடுத்தேன். வாழை மரத்தை நாடு கடத்தினேன். கிருஷ்ணப்பாவை மாமனார் வீட்டுக்கு அனுப்பினேன். கறுப்புத் துணி, நீல லைட். இழவு வீட்டில்கூட இதைவிடக் கலகலப்பாக இருக்கும். டைரக்டருக்கு முகமெல்லாம் திருப்தி. பழைய வழக்கத்தில் மிஞ்சியது, ஆடிப் பதினெட்டுக்காக முனிராஜின் அம்மா ஆளுக்கொன்று கொடுத்த பொரிப் பொட்டலம் மட்டும்தான்.

நல்ல நேரம் வந்தது. உலகமெல்லாம் நேரலையில் பார்க்க, முனிராஜ் மேடையில் பட்டனை அமுக்கினான். புது சாப்ட்வேர் வரவில்லை. திரையில் ஒரு வட்டம் சுற்றியது. சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. மண்டபத்தில் மூச்சுச் சத்தம் இல்லை. கவிதா சுவரைப் பிடித்துக்கொண்டாள். அந்த அமைதியில், முன்வரிசையில் உட்கார்ந்திருந்த டைரக்டர் தும்மினார்.

முகூர்த்த நேரத்தில் தும்மல் காதில் விழக் கூடாது என்றுதானே கெட்டிமேளமே? ஆயுசு முழுக்கப் பழகிய விரல் அய்யா, என்னைக் கேட்காமலே பெட்டியில் பதிந்து வைத்திருந்த கெட்டிமேளத்தைத் தட்டிவிட்டது. முழு வால்யூமில் மேளம் இறங்கியது. பாகலூர் வரைக்கும் மாடெல்லாம் எழுந்து நின்றதாகக் கேள்வி. தமிழோ கன்னடமோ தெலுங்கோ, கெட்டிமேளம் கேட்டால் நம் ஜனத்துக்குக் கை சும்மா இருக்குமா? கூட்டம் மொத்தமும் எழுந்து, கையிலிருந்த பொரியை மேடையைப் பார்த்து வீசியது. முனிராஜ் தன்னை அறியாமல் இறங்கி வந்து அம்மா காலில் விழுந்தான். எழுந்து திரும்பினால் வட்டம் நின்று, புது சாப்ட்வேர் ஜம்மென்று ஓடுகிறது.

தொலைந்தோம் என்றுதான் நினைத்தேன். டைரக்டர் கோட்டில் ஒட்டிய பொரியைத் தட்டிக்கொண்டே என் மைக் மேஜைக்கு வந்தார். கவிதா பின்னாலேயே ஓடி வந்தாள். இப்படி ஒரு வெளியீட்டு விழாவை எங்கும் பார்த்ததில்லை என்று எங்கெங்கிருந்தோ வாழ்த்து வந்து குவிவதை அவர் போனில் எனக்குக் காட்டினார். பிறகு குனிந்து, கன்னட மரியாதையோடு என் காதுக்கு மட்டும் சொன்னார்: "யஜமான்ரே, அடுத்த வருஷம் நான் தும்முற வரைக்கும் காத்திருக்க வேணாம். வட்டம் சுத்த ஆரம்பிச்சதுமே மேளத்தைப் போட்டுடுங்க."

எவ்வளவு படித்த மெஷினும் கெட்டிமேளம் கேட்டால்தான் அசைந்து கொடுக்கிறது. ஆனால் அது முன்கூட்டியே யோசித்து அடித்த மேளம் என்று கம்பெனி ஊரெல்லாம் பெருமை பேசிக்கொண்டிருப்பதால், தும்மல் சங்கதியை யார் சொன்னார்கள் என்று கேட்டால், பேரிகை இருக்கிற திசையே எனக்குத் தெரியாது என்று சொல்லிவிடுங்கள்.