டிரைவருக்குப் பேர் இல்லை

ஹயர் ஓட்டுகிறவன், அதாவது வாடகைக்கு வேன் ஓட்டுகிறவன், போகாத இடம் கிடையாது, ஆனால் எந்த இடத்துக்கு உள்ளேயும் அவன் போனது கிடையாது. கல்யாண வீட்டில் கடைசிப் பந்திவரை பரிமாறிவிட்டுக் காலிப் பாத்திரத்தைப் பார்க்கிறவர்கள், கடையில் நாள் முழுக்கப் பட்டுச் சேலை விரித்துக் காட்டிவிட்டு நூல் சேலையோடு வீடு திரும்புகிறவர்கள், எல்லாரும் இப்படி என் பக்கத்தில் வந்து உட்காருங்கள். நீங்கள் சொல்லாமலே உங்கள் வயிற்றெரிச்சல் எனக்குப் புரியும்.

பதுளையில் எட்டு வருடமாக வேன் ஓட்டுகிறேன். ட்ரிப் என்றாலே நம்ம பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து ஆட்கள் முதலில் கேட்பது கொழும்புப் பக்கம் இருக்கிற ஒரு வாட்டர் பார்க்கைத்தான். மலைமேல் பெரகலைச் சந்தியில் பால் விடாத சாயத்தண்ணி குடிக்கும்போது எல்லாரும் ஸ்வெட்டரும் குல்லாவுமாக இருப்பார்கள். பலாங்கொடையில் ஸ்வெட்டர் கழலும். இரத்தினபுரியில் பார்க் நோட்டீசை மடித்து விசிறிக்கொள்வார்கள். பார்க் வாசலில் இறங்கியதும் "ஐயோ, வெந்து போறோமே" என்று அலறிக்கொண்டு தண்ணீரைப் பார்த்து ஓடிவிடுவார்கள். நான் அதே வெயிலில் வேனுக்கு நிழல் தேடுவேன். குளிரிலேயே பிறந்து வளர்ந்த உடம்பு எனக்கும்தான். அதை யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

காசு கொடுத்து நீயும் உள்ளே போயேன் என்பீர்கள். சாயந்தரம் அதே மலையில் ஏறித் திரும்ப வேண்டும். தண்ணீரில் ஆடிவிட்டு வந்து ஹப்புத்தளை வளைவில் கண்ணைச் சொருகினால் பதினான்கு பேருக்கும் நான் பதில் சொல்ல வேண்டும். அதனால் பகலில் டிரைவர் தூங்க வேண்டும் என்பது இந்தத் தொழிலின் சட்டம். பார்க்கில் டிரைவருக்கு ஒரு சாப்பாட்டுச் சீட்டு கொடுப்பார்கள். தண்ணீருக்குச் சீட்டு கிடையாது.

வாசலில் ஒரு பெரட்டு

தோட்டத்தில் காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்தி வேலை பிரிப்பதைப் பெரட்டு என்போம். அன்றைக்கு வேலை கிடைத்தால் 'பேர் விழுந்தது'. பாதி வேலை என்றால் 'அரைப் பேர்'. பிந்தி வந்தவனிடம் 'இன்னைக்குப் பேர் இல்ல' என்று சொல்லி லயத்து வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஒரு தடவை ஹாலிஎலப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து மாரிமுத்து கங்காணி ஒரு கூட்டத்தைக் கூட்டிவந்தார். பார்க் வாசலில் வந்தவர்களை வரிசையாக நிறுத்தி, பெரட்டுக் களத்தில் நிற்கிற மாதிரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, டிக்கட் கொடுக்கிற பெண்ணிடம், "பத்துக்கு முழுப் பேர், உயரம் காணாத நாலு புள்ளைங்களுக்கு அரைப் பேர் போடும்மா" என்றார். அவள் கொழும்புத் தமிழ்ப் பெண். பாதி புரிந்து எழுதிக்கொண்டாள். பிறகு ஓரத்தில் நின்ற என்னைக் காட்டி, "அவர்?" என்று கேட்டாள்.

"அவரு டிரைவரும்மா. அவருக்குப் பேர் இல்ல" என்றார் கங்காணி. அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அவள் கண்ணில் அவ்வளவு இரக்கம். கங்காணியின் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டாள்: "பாவம், அப்ப வீட்டுல அவரை என்னன்னு கூப்பிடுவாங்க?"

சவுக்காரம்

பெரகலைக்குக் கீழே ஒரு தோட்டத்திலிருந்து கொழுந்து எடுக்கிற பதினொரு பெண்கள் வந்தார்கள். தலைவி செல்வமணி அக்கா. ஐம்பத்தைந்து வயது. நனைந்த புல்லைப் பார்த்தால் அட்டைக் கடிக்குப் பயந்து காலில் சவுக்காரம், அதுதான் சோப்பு, தேய்ப்பது மலையில் எல்லாருக்கும் பழக்கம். பார்க்கில் குளத்தைச் சுற்றி நல்ல பச்சைப் புல், அதில் தண்ணீர் தெளித்திருந்தார்கள். அக்கா பையிலிருந்து அரைக்கட்டி சவுக்காரத்தை எடுத்து முழங்கால்வரை தேய்த்துவிட்டு அடுத்தவருக்குக் கொடுத்திருக்கிறார். பதினொரு பேரும் இருபத்திரண்டு வெள்ளைக் காலோடு குளத்தில் இறங்கப் போனபோது, காவலுக்கு நின்றவர் விசிலை ஊது ஊதென்று ஊதியிருக்கிறார். அவர் பேசிய சிங்களம் இவர்களுக்குப் பிடிபடவில்லை. கடைசியில் மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள்.

எட்டு வருடத்தில் முதல் தடவையாக உள்ளே போனேன். குளத்துக்கும் எனக்கும் நாலு எட்டு. குளிர்ந்த காற்று முகத்தில் பட்டது. "இங்க அட்டை இல்லக்கா" என்றேன். "அட்டை இல்லாத தண்ணிக்கா இம்புட்டு காசு வாங்குறாங்க?" என்றார் அக்கா. காலைக் கழுவச் சொன்னேன். வேலை முடிந்ததும் காவல்காரர் என்னைக் கையைப் பிடிக்காத குறையாக வெளியே அனுப்பிவிட்டார். நனைந்தது என் செருப்பு மட்டும்தான்.

அன்று முழுக்க மதிலுக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண்களின் சிரிப்புச் சத்தம். எனக்குப் பொறாமையில் சோறு இறங்கவில்லை. சாயந்தரம் முகமெல்லாம் மலர்ந்து வந்து ஏறிய செல்வமணி அக்கா சொன்னார்: "மலையில வழுக்கி விழுந்தா கங்காணி ஏசுவாரு தம்பி, இங்க வழுக்கி விழுந்தா கை தட்டுறாங்க."

டீச்சர் கண்ட இருட்டு

அந்தப் பார்க்கில் நீல நிறத்தில் ஒரு பெரிய குழாய் இருக்கிறது. இரண்டு பேர் ஒரு டியூபில் முன்னும் பின்னுமாக உட்கார்ந்து அதற்குள் வழுக்கிக்கொண்டு வர வேண்டும். அதன் உச்சி மட்டும் மதிலுக்கு மேலே தெரியும். மிச்சத்தை நான் கேள்விப்பட்டதுதான். ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்து சுகந்தி டீச்சர் அதில் போய்விட்டு வந்து, வேனில் ஏறியும் நடுக்கம் தீராமல் சொன்னார்: "நடுவுல ஒரே இருட்டுண்ணே. ஒண்ணுமே தெரியல. அப்புறம் டப்புன்னு வெளிச்சம்."

என் மகள் கவிஷாவுக்கு ஒன்பது வயது. நான் எந்த ஹயர் போய் வந்தாலும் கதை கேட்பாள். டீச்சர் கண்ட இருட்டை அவளுக்குச் சொன்னேன். முதலில் டீச்சர் சொன்னதாகத்தான் சொன்னேன். இரண்டாம் தடவை சொல்லும்போது டீச்சர் எப்படியோ கழன்றுவிட்டார். "அப்பா, நீங்க அதுல போயிருக்கீங்களா?" என்று அவள் கண்ணை விரித்துக்கொண்டு கேட்டாள். ஊரில் உள்ளவன் எல்லாம் போய்விட்டு வந்து என்னிடம் பெருமை அடிக்கிறான், என் வீட்டிலாவது நான் அடித்துக்கொள்கிறேனே என்று, "எத்தனையோ தரம்" என்று சொல்லிவிட்டேன்.

பொய்யைச் சொல்லி முடித்ததும் அவள் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டு சொன்னாள்: "அப்ப என்னையும் ஒருநாள் கூட்டிக்கிட்டுப் போகணும். இருட்டு வரும்போது நீங்க என்னைய புடிச்சிக்கணும்."

சிரிச்ச முகம்

அதற்குப் பிறகு அந்தக் குழாயில் ஒரு தடவையாவது போய், சொன்ன பொய்யை உண்மையாக்கிவிட வேண்டும் என்று எனக்குள் ஒரு நமைச்சல். நிஹால் என்று ஒரு டிரைவர் இருக்கிறான். சிங்களவன், ஆனால் தோட்டத்துத் தமிழ் என்னைவிட நன்றாகப் பேசுவான். அவன் வண்டியில் மாற்றி ஓட்ட இன்னொரு ஆள் வருவதால், சீட்டுக்கு அடியில் எப்போதும் ஒரு நீச்சல் காற்சட்டை வைத்திருப்பான். வந்தவர்கள் அவனைத் தங்களோடு உள்ளே இழுத்துக்கொண்டு போவார்கள். தலை ஈரத்தோடு அவன் வந்து என் வேனில் சாய்ந்து நிற்கும்போது அவனைப் பிடித்துத் தள்ளிவிடலாம் போல இருக்கும். அவனிடமே வெட்கத்தை விட்டு வழி கேட்டேன். "கூப்பிடுவாங்கன்னு ஒக்காந்திருக்காத மச்சான். சிரிச்ச முகத்தோட பின்னாலயே போ" என்றான்.

அடுத்த ஹயர் பதுளையில் ஏதோ அலுவலகத்து ஆட்கள். அரை மணி நேரம் நனைந்தால் தூக்கம் ஒன்றும் கெட்டுவிடாது என்று கணக்குப் போட்டு, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு டிக்கட் வரிசைவரை அவர்கள் பின்னால் போனேன். அவர்களில் ஓர் அம்மா திரும்பி என்னைப் பார்த்தார். அவர் முகத்திலும் சிரிப்பு வந்தது. கூப்பிடத்தான் போகிறார் என்று சட்டைப் பொத்தானில் கை வைத்தேன். அவர் மற்றவர்களைப் பார்த்துச் சொன்னார்: "டிரைவர் அண்ணே நல்ல சிரிச்ச முகம், நம்பிக்கையான ஆளு மாதிரி இருக்காரு, ஃபோன், பேக் எல்லாத்தையும் இவர்கிட்டயே குடுத்துருங்க."

நீளமாக ஒரு ஹார்ன்

போன ஏப்ரல் லீவில் மாட்டிக்கொண்டேன். பதுளை பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் முதலாளியின் மகள் வைஷ்ணவியும் கவிஷாவும் ஒரே வகுப்பு. வைஷ்ணவியின் பிறந்தநாளுக்கு அதே வாட்டர் பார்க்குக்கு ட்ரிப். வேன் என்னுடையது. விருந்தாளிகளில் ஒருத்தி என் மகள். வழியெல்லாம் என் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து, பின்னால் இருந்த பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்துக்கொண்டு வந்தாள்: "எங்கப்பா அதுல எத்தனையோ தரம் போயிருக்காரு. நடுவுல இருட்டு வரும். பயப்படக் கூடாது." நான் கழுத்தைத் திருப்பாமல் ரோட்டையே பார்த்து ஓட்டினேன். வாசலில் முதலாளி என் தோளைத் தட்டி, "நீங்க போய் நல்லாத் தூங்குங்க டிரைவர். ஒங்க புள்ள இனி என் புள்ள மாதிரி" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்கு அந்த 'என் புள்ள'தான் சுட்டது.

தூக்கம் எங்கே வரும்? தார் ரோடு செருப்பையும் தாண்டிச் சுட்டது. வேன் நிழலில் நின்று மதிலுக்கு மேலே தெரிந்த அந்தக் குழாய் உச்சியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதினொரு மணி போல மஞ்சள் சட்டை ஒன்று மேலே வந்தது. என் மகள். அவளுக்குப் பின்னால் கோடு போட்ட பனியனும் தொப்பையுமாக முதலாளி. இரண்டு பேர் உட்காருகிற டியூபை அங்கே நின்றவர் இழுத்து வைத்தார். இருட்டு வரும்போது அவளைப் பிடிக்க வேண்டிய கை என்னுடையது. இந்த மனுஷனுக்குக் கடை இருக்கிறது, மாடி வீடு இருக்கிறது, இதுவும் வேண்டுமா? ஜன்னல் வழியாகக் கையை விட்டு ஹார்னை அமுக்கிக்கொண்டு நின்றேன்.

என் ஹார்ன் ஒரு தனிச் சத்தம். தெருமுனையில் கேட்டாலே கவிஷா கதவைத் திறந்துவிடுவாள். உச்சியில் அவள் சட்டென்று நின்று, இப்படியும் அப்படியும் தேடி, இரண்டு கையையும் தூக்கி ஆட்டினாள். முதலாளியும் தனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டு ஆட்டினார். அப்புறம் இரண்டு பேரும் டியூபில் உட்கார்ந்து மறைந்துபோனார்கள். பார்க்கிங் காவல்காரர் கம்போடு ஓடிவந்து சத்தம் போட்டார்: "இங்க ஹார்ன் அடிக்கக் கூடாது ஐயா, தூங்குற டிரைவர்மார் எழும்பிருவாங்க!"

கண்ணை மூடினால்

மூன்று மணிக்கு எல்லாரும் ஈரத் தலையோடு வந்தார்கள். முதலாளி தூரத்திலிருந்தே சிரித்தார். "என்ன டிரைவர், இருட்டு வரும்னு புள்ளைங்கள இப்படிப் பயமுறுத்தி வச்சிருக்கீங்க? அந்தக் குழாய்க்குள்ள கண்ணாடி மாதிரி வெளிச்சமால்ல இருக்கு?" பிள்ளைகள் எல்லாம் என்னைப் பார்த்தார்கள். கவிஷா தலையைத் துவட்டிக்கொண்டே, பெரிய விஷயமே இல்லாத மாதிரிச் சொன்னாள்: "அப்பா கண்ண மூடிக்கிட்டுப் போயிருப்பாரு அங்கிள். கண்ண மூடினா இருட்டுதானே." எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. சுகந்தி டீச்சர் பயத்தில் கண்ணை மூடியிருக்கிறார். நான் அவர் மூடிய கண்ணைக் கொண்டுபோய் என் வீட்டில் என்னுடையது என்று காட்டியிருக்கிறேன்.

இரத்தினபுரி தாண்டியதும் பின்னால் எல்லாரும் தூங்கிவிட்டார்கள். முன்சீட்டில் கவிஷா மட்டும் விழித்திருந்தாள். மெதுவாகக் கேட்டாள். "அப்பா, நீங்க அதுல போனதே இல்லதானே?" ஒரு வளைவைத் திருப்பி முடித்துவிட்டு, "இல்லம்மா" என்றேன். "மேல நிக்கும்போது நம்ம ஹார்ன் கேட்டிச்சு. அப்பா எப்பவும் வெளியிலதான் நிப்பாருன்னு அப்பதான் எனக்குத் தெரிஞ்சிச்சு" என்றாள். எனக்கு ரோடு கொஞ்சம் கலங்கித் தெரிந்தது. வேகத்தைக் குறைத்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து, ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, எல்லாம் தீர்மானித்து முடித்தவள் மாதிரிச் சொன்னாள்: "இன்னொரு நாளைக்கு நம்ம பஸ்ல வருவோம்ப்பா, வேற யாராச்சும் ஓட்டட்டும். டியூப்ல நீங்க முன்னால ஒக்காருங்க, பயமா இருந்தா நான் பின்னால இருந்து புடிச்சிக்கிறேன்."

அந்த நாள் இன்னும் வரவில்லை, ஆனால் பஜாரில் அந்த ஜவுளிக்கடையைத் தாண்டும்போதெல்லாம், குறுக்கே ஒரு பூனைகூட இல்லாவிட்டாலும், உள்ளே இருக்கிற முதலாளிக்குக் கேட்கிற மாதிரி நீளமாக ஒரு ஹார்ன் அடிக்காமல் நான் போவதில்லை.