ஊசி மருந்துக்கு ஓர் இடம்

நெருப்பு வைத்தால் குளிரும் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? பொம்மிடிக்கும் கடத்தூருக்கும் நடுவில் இருந்த அந்த ஊரிலும் முதலில் ஒருவரும் நம்பவில்லை. மதலேனம்மாள் வீட்டு உள்ளறையில் வெள்ளைப் பெட்டி ஒன்று நின்றது. அடியில் சீமெண்ணெய் விளக்கு எரியும். மேலே கதவைத் திறந்து கையை விட்டால் சில்லென்றிருக்கும். வந்தவர்கள் குனிந்து திரியைப் பார்ப்பார்கள், நிமிர்ந்து கையை உள்ளே விடுவார்கள், பிறகு மறுபடியும் திரியைப் பார்ப்பார்கள். அந்தத் தெருவுக்குக் கரண்டு வராத காலம் அது.

அதைவிடப் பெரிய வேடிக்கை, பெட்டிக்குள் ஒன்றும் இல்லை என்பது. குளிர் இருக்கிறதா என்று பார்க்க ஒரு பாட்டில் தண்ணீர் வைத்திருப்பாள், அவ்வளவுதான். ரேஷன் கடையில் வரிசையில் நின்று வாங்கிய சீமெண்ணெயை வீட்டு விளக்குக்குக்கூட ஊற்றாமல் அதற்கே ஊற்றினாள். மாலையில் சமையலை வெளிச்சத்திலேயே முடித்துவிடுவாள்.

பக்கத்து வீட்டுச் சவரிக்கு அந்தக் காலிப் பெட்டியைப் பார்த்தாலே வயிறு எரியும். கிறிஸ்துமஸுக்கு வெட்டிய கறியில் மிச்சத்தை இலையில் கட்டிக்கொண்டு வந்து நின்றான்.

"ஒரு நாளைக்குத்தாங்க்கா. ஓரமா வெச்சுட்டுப் போறேன்."

"மருந்து வெக்கற பொட்டிடா அது. அதுல கறிய வெப்பாங்களா?"

"மருந்து எங்கக்கா இருக்குது?"

மதலேனம்மாள் கதவைச் சாத்தினாள். பெட்டியில் மருந்து இல்லை என்பது சவரிக்கும் தெரியும். தெரிந்தே கேட்பதில் அவனுக்கு ஒரு சந்தோஷம்.

மருந்து வேண்டியவள் அவளுடைய ஒரே மகள் ராஜமேரி. சின்ன வயதில் ஒரு கோடையில் குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள். குடிக்கக் குடிக்க மெலிந்தாள். கான்வென்ட் டிஸ்பென்சரி சிஸ்டர்தான் சேலத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் பிழைக்கவைத்தார். சர்க்கரை நோய், உயிர் இருக்கும்வரை தினமும் ஊசி என்றார்கள். "சக்கர வியாதி பணக்காரக் கெழவனுக்கில்ல வரும், களி திங்கற வூட்டுக் கொழந்தைக்கு எப்பிடி வரும்?" என்று ஊர் வாயைப் பிளந்தது. அந்த மருந்து சூட்டில் கெட்டுவிடும், குளிரில் இருக்க வேண்டும். குளிர் இருந்தது கான்வென்டில் மட்டும்தான், அப்போது அங்கே இருந்த இந்தச் சீமெண்ணெய்ப் பெட்டியில். புருஷன் செத்துப் போயிருந்த மதலேனம்மாள், களையெடுக்கப் போவதை விட்டுவிட்டு கான்வென்ட் சமையல்கட்டில் சேர்ந்தாள். சோறு ஆக்குவது அப்புறம். பெட்டியின் திரியை வெட்டிச் சமன் செய்து, சுடர் மஞ்சளாகாமல் நீலமாக எரியவைப்பதுதான் அவளுக்கு முதல் வேலை. அந்தச் சுடரில்தான் மகளின் உயிர் இருப்பதாக நினைத்தாள். நினைத்ததில் தப்பில்லை.

ஐஸ்காரன் தெருவில் மணியடித்துக்கொண்டு வரும்போது மற்றப் பிள்ளைகள் சிவப்பும் பச்சையுமாகச் சப்புவார்கள். ராஜமேரி கதவுக்குப் பின்னால் நிற்பாள். மதலேனம்மாளுக்கு அது பொறுக்கவில்லை. மோரில் உப்புப் போட்டு, கறிவேப்பிலை கிள்ளிப் போட்டு, டம்ளரில் ஊற்றிப் பெட்டியின் மேல்தட்டில் உறையவைத்தாள். அன்றைக்கு ஒரு குழந்தை சிரித்த சிரிப்பை அவள் சாகிறவரை மறக்கப் போவதில்லை.

அந்தக் குழந்தை வளர்ந்து தன் ஊசியைத் தானே போட்டுக்கொள்ளக் கற்றது. தருமபுரிக்குத் தையல் படிக்கப் போனது. போன இடத்தில் டிராக்டர் ஒர்க்‌ஷாப்பில் வேலை செய்த அர்ச்சுனனைப் பிடித்துப்போயிற்று. மாதா கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்காத கல்யாணமா என்று மதலேனம்மாள் குதித்தாள். உள்ளுக்குள் இருந்தது கோபமில்லை, பயம். பயந்தவள் வாயில் நல்ல வார்த்தை வருமா?

"அவன் வூட்டுல ஊசி மருந்து வெக்க எடமிருக்குதா? பத்து நாளுல திரும்பி வருவே பாரு."

ராஜமேரி பையைக் கீழே வைக்காமலே திரும்பிப் பார்த்தாள். "இங்க மட்டும் இருக்குதா? அது சிஸ்டருங்க பொட்டி. நம்ம வூட்டுல எம் மருந்துக்கு ஒரு நாளாவது எடம் இருந்துச்சா, சொல்லும்மா."

நெல்லைக் கொட்டினால் அள்ளலாம். அம்மாவும் மகளும் கொட்டியது நெல்லில்லை. ராஜமேரி பஸ் ஏறினாள். பத்து நாள் போயிற்று, பல வருடமும் போயிற்று.

கான்வென்டுக்குக் கரண்டு வந்து புதுப் பெட்டி வாங்கியபோது, பழையதை இரும்புக்காரனுக்குப் போடப் பார்த்தார்கள். மதலேனம்மாள் மதர் காலில் விழாத குறையாகக் கேட்டு வாங்கினாள். மாட்டு வண்டியில் படுக்கவைத்துக் கொண்டுவந்து, விளக்கேற்றிவிட்டுக் காத்திருந்தாள். பெட்டி குளிரவில்லை.

"கன்னியாஸ்திரிங்க செபத்துல குளுந்துக்கிட்டு இருந்துச்சு. உன் செபம் பத்தலக்கா" என்றான் சவரி.

வெட்கத்தைவிட்டுச் சொன்னால், அவள் அதை நம்பினாள். கோயிலிலிருந்து மந்திரித்த தண்ணீர் கொண்டுவந்து தெளித்தாள். பெட்டி முன்னால் மண்டி போட்டு செபமாலை சொன்னாள். மாதாவுக்கு வேறு வேலை இருந்திருக்க வேண்டும். பிறகுதான், முன்பு ஒரு தடவை இப்படி ஆனபோது சேலத்து மெக்கானிக் பெட்டியைத் தலைகீழாக நிறுத்திவைத்தது ஞாபகம் வந்தது. சவரியையே கூப்பிட்டு அதைத் தலைகீழாகக் கவிழ்த்து ஒரு நாள் முழுக்க விட்டாள். வீட்டுத் தரையும் வாசல் பக்கம் சாய்வாக இருந்தது. தட்டில் தண்ணீர் ஊற்றிப் பெட்டிமேல் வைத்து, தண்ணீர் எந்தப் பக்கமும் ஓடாதபடி அடியில் கல்லைச் செருகினாள். அடுத்த நாள் பாட்டில் தண்ணீர் பல்லைக் கூசவைத்தது. மந்திரித்த தண்ணீர்தான் வேலை செய்தது என்று சவரி இன்றைக்கும் சொல்வான்.

"மருந்து வெக்க எடம் இருக்குதுன்னு சொல்லு." சந்தைக்கு வந்த தருமபுரிக்காரி ஒருத்தியிடம் மகளுக்கு இப்படிச் சொல்லி அனுப்பினாள். பதில் வரவில்லை. ஒரு நாள் தானே பஸ் ஏறிப் போனாள். தெருக்குழாயில் ராஜமேரி குடம் வைத்துக்கொண்டிருந்தாள். ஒரு சுற்று மெலிந்திருந்தாள். மதலேனம்மாள் மளிகைக்கடை ஓரமாக நின்று, குடம் நிறைகிறவரை பார்த்தாள். கூப்பிட வாய் வரவில்லை. கூப்பிட்டுத் திரும்பாமல் போய்விட்டால் அதற்கப்புறம் எதை வைத்துக்கொண்டு உயிரோடு இருப்பது? அப்படியே திரும்பி வந்து, பெட்டிக்கு எண்ணெய் ஊற்றினாள்.

எண்பத்து மூன்றாம் வருடம் மழை ஏமாற்றிவிட்டது. கிணறு வற்றிற்று. டேமில் தண்ணீர் இல்லை, அதனால் கரண்டும் இல்லை. ஒரு மத்தியானம் வாசலில் ஓர் ஆள் வந்து நின்றான். கையில் வாயகன்ற பிளாஸ்க். பிளாஸ்க்கைப் பார்த்ததும் அவன் அர்ச்சுனன் என்று தெரிந்துவிட்டது. அவள் வாங்க என்று சொல்லவில்லை.

"அவளுக்கு என்ன?" என்றாள்.

"மொதலாளி வூட்டு ஃபிரிட்ஜுலதாங்க மருந்து வெச்சிருந்தோம். எங்க தெரு டிரான்ஸ்பார்மரும் எரிஞ்சுபோச்சு. மருந்து சூட்டுல கெட்டது தெரியாம போட்டுக்கிட்டா. ஆஸ்பத்திரியில சேத்து, இப்பத்தாங்க வூட்டுக்கு வந்தா. ஐஸ் கம்பெனியும் மூடிட்டாங்க. புது மருந்து இது. இங்க வெக்கச் சொன்னா."

"அவளா சொன்னா?"

"அவதாங்க சொன்னா. அம்மாகிட்ட எடம் இருக்குதுன்னு."

மதலேனம்மாள் பிளாஸ்க்கை வாங்கினாள். குப்பிகளை ஒவ்வொன்றாகத் துடைத்து, எனாமல் கிண்ணத்தில் நிறுத்தி, அடித்தட்டில் வைத்தாள். "மேல ஐஸ்கிட்ட வெக்கக் கூடாது. ஒறஞ்சா மருந்து செத்துப்போயிரும்" என்று யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னாள். வருடக்கணக்காகக் காலியாக இருந்த தட்டு அது. மகள் வருவாள் என்று காத்திருந்த இடத்துக்கு மகளின் மருந்து மட்டும் வந்திருந்தது.

"அவ வரலீங்களா?"

"ஒடம்பு தேறலீங்க" என்றான். சொல்லும்போது தரையைப் பார்த்தான். உடம்பு மட்டும் காரணமில்லை என்று அவளுக்கும் புரிந்தது. "உக்காருங்க" என்று பாயைப் போட்டாள்.

ஒரு குப்பியைத் தருமபுரி வீட்டில் ஈர மணல் பானைக்குள் வைத்து உபயோகிப்பது, அது தீர்ந்ததும் அடுத்ததை வந்து எடுத்துப்போவது என்று ஏற்பாடு ஆயிற்று. முதல் தடவை அவன் எடுத்துப்போக வந்தபோது, பிளாஸ்க்கில் மருந்துக் குப்பியைத் துணியில் சுற்றி வைத்தாள். பக்கத்தில் மோர் ஐஸ் இருந்த சின்னத் தூக்கை வைத்து மூடினாள். இன்னதென்று அவனிடம் சொல்லவில்லை.

அடுத்த தடவை வந்தவனிடம் கேட்காமல் இருக்க முடியவில்லை. "சாப்புட்டாளுங்களா?"

"போறதுக்குள்ள பாதி கரைஞ்சிருச்சுங்க. மிச்சத்தக் கடிச்சுத் தின்னா." பிளாஸ்க்கைத் திறந்துகொண்டே சொன்னான். "உப்பு கம்மியாம்."

உப்பு கம்மி! மதலேனம்மாளுக்குத் தலைகால் புரியவில்லை. குறை சொல்கிறாள் என்றால் பேசுகிறாள் என்றுதானே அர்த்தம்? எம்பொண்ணு உப்பு கம்மின்னுட்டா என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு போனாள். இந்த அம்மாளுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று சவரிக்கு உறுதியாயிற்று.

ஐப்பசியில் மழை வந்தது. தருமபுரியில் டிரான்ஸ்பார்மர் மாற்றிவிட்டார்கள், கரண்டு நிற்காமல் வருகிறது என்று சவரிதான் சந்தையில் கேட்டு வந்து சொன்னான். ஊருக்கு நல்ல சேதி. மதலேனம்மாள் உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்தாள். இனி அவன் மிச்சத்தையெல்லாம் எடுத்துக்கொண்டு போய்விடுவான். அப்புறம் வருவதற்கு அவனுக்கு என்ன வேலை?

ஒரு குப்பியைக் கையில் எடுத்தாள். ஒன்றை மட்டும் மறைத்துவைத்தால் என்ன? குறைகிறது என்று தெரிந்தால் கேட்கவாவது ராஜமேரி வருவாள். சண்டை போடவாவது வருவாள். முந்தானையில் முடிந்தும் விட்டாள். முடிச்சு வழியாகக் குளிர் இடுப்பில் பட்டது. சட்டென்று அவிழ்த்துத் திரும்ப வைத்தாள். மருந்தை மடக்கி மகளை வரவைக்கிற அளவுக்கா கேடு வந்துவிட்டது! தன் கன்னத்தில் தானே போட்டுக்கொண்டாள்.

அர்ச்சுனன் வந்தான். கிண்ணத்தோடு எடுத்து அவன் முன்னால் வைத்தாள். "எல்லாம் இருக்குதுங்க, பாத்துக்கங்க."

அவன் ஒவ்வொன்றாகப் பிளாஸ்க்கில் வைத்தான். கடைசிக் குப்பியைக் கிண்ணத்திலேயே விட்டுவிட்டு மூடியைத் திருகினான்.

"அதையும் எடுத்துக்கங்க."

"இல்லீங்க அத்தை. இது இங்கியே இருக்கட்டுமாம்."

அத்தை என்று அவன் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அதுகூட அவள் காதில் விழவில்லை. "ஏங்க, கெட்டுப்போச்சா?"

"கெட்டுப்போகலீங்க. 'அங்க ஒண்ணு இருக்கட்டும், போனா தங்கறதுக்கு வேணுமில்ல'ன்னு சொன்னா."

எப்போது என்று மதலேனம்மாள் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது. குப்பியை அடித்தட்டில் வைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, குனிந்து சுடரைப் பார்த்தாள். நீலமாகத்தான் எரிந்தது.

அவனைப் பஸ் ஏற்றிவிட்டு வந்ததும் மோரைக் கலக்கினாள். கறிவேப்பிலை கிள்ளிப் போட்டாள். உப்புப் போட்டு ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் இன்னொரு சிட்டிகை போட்டாள்.